அமெரிக்க அம்மாவாக நான் நின்ற அரை நாள்

அசையாமல் நிற்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று இருபது வயது வரைக்கும் எனக்கொரு நினைப்பு இருந்தது. சின்ன வயதில் தெருவில் 'ஸ்டேச்சு' விளையாடினால் கடைசிவரை நிற்பவள் நான்தான். கொசு கடித்தாலும் நிற்பேன். (மற்றவர்கள் விளையாட்டை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகும் நின்றிருக்கிறேன் என்று என் தம்பி இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான்.) இந்த வீண் பெருமைதான் ஒரு நாள் என் மூஞ்சியில் ரோஸ் பவுடரை அப்பி, ஜன்னல் திரைத் துணியில் கவுன் மாட்டி, உயிரில்லாத இரண்டு பேருக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தியது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.ஏ. வரலாறு கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். துறைகளுக்கிடையே கண்காட்சிப் போட்டி வந்தது. எங்கள் ராஜலட்சுமி மிஸ் எடுத்த தலைப்பு 'ஐம்பதுகளில் ஓர் அமெரிக்கக் குடும்பம்'. ஏன் அமெரிக்கா என்று கேட்காதீர்கள். உக்கடத்தில் பழைய புத்தகக் கடை ஒன்றில் மிஸ்ஸுக்கு ஒரு கட்டு பழைய அமெரிக்கப் பத்திரிகைகள் எடைக்குக் கிடைத்துவிட்டன, அவ்வளவுதான் காரணம்.

அந்தப் பத்திரிகைகளை இரண்டு வாரம் புரட்டினோம். கதைகளைவிட விளம்பரங்கள் அதிகம். எல்லா விளம்பரத்திலும் இடுப்பு ஒடுங்கிய கவுனும் முத்துமாலையும் போட்ட ஓர் அம்மா நிற்கிறாள். ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்துச் சிரிக்கிறாள். அடுத்த பக்கத்தில் துணி துவைக்கும் இயந்திரத்தைப் பார்த்து அதே சிரிப்பு. ஒரு பக்கத்தில்கூட அவள் வாயைத் திறந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

குடும்பத்துக்குப் பொம்மைகள் வேண்டுமே. என் தோழி ஜெசிந்தாவின் மாமா ஒப்பணக்காரத் தெருவில் ரெடிமேட் கடை வைத்திருந்தார். எங்கள் ஊர் ஜவுளிக்கடைப் பொம்மைகள் எல்லாம் பிறவியிலேயே வெள்ளைக்காரர்கள் அல்லவா. ரோஸ் தோலும் நீலக் கண்ணுமாக வேட்டி கட்டி நிற்பார்கள். அப்படி ஓர் அப்பா, ஓர் அம்மா, ஏழெட்டு வயதில் ஒரு பெண் குழந்தை என்று மூன்று பேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள்.

வகுப்பறை ஜன்னல்களில் கறுப்பு சார்ட் ஒட்டி இருட்டாக்கினோம். அட்டையில் ஃப்ரிட்ஜ் செய்தோம். தோட்டத்து ஓஸ் பைப்பை வளைத்து, குழந்தை இடுப்பில் சுற்றும் வளையம் ஆக்கினோம். பழைய மர டிவிப் பெட்டிக்குள் நீலத்தாள் சுற்றிய பல்பை வைத்து, டியூப்லைட் ஸ்டார்ட்டரை இணைத்ததும் அது விட்டு விட்டு மினுங்கியது. அப்போது அங்கே டிவி முன்னால் உட்கார்ந்தே சாப்பிட, பள்ளம் பள்ளமாகப் பிரித்த தட்டில் சாப்பாடு விற்றார்களாம். கேன்டீனிலிருந்து அதே மாதிரி எவர்சில்வர் தட்டை எடுத்து வந்து, கோழிக்கு பதிலாக போண்டா வைத்தோம். சுவரில் விலைப் பட்டியல்: ஒரு கேலன் பெட்ரோல் முப்பது சென்டுக்குள், ஒரு ரொட்டி இருபது சென்டுக்குள்.

கண்காட்சி அன்று காலை பூட்டைத் திறந்தால் அம்மா பொம்மை குப்புறக் கிடந்தது. மூக்கு உடைந்து தனியாகக் கிடந்தது. சாவி மிஸ்ஸிடம்தான் இருந்தது, ஃபேன் ஓடவில்லை, ஜன்னல் எல்லாம் அடைத்தது அடைத்தபடி. நாங்கள் டிவியைப் பார்க்க வைத்துவிட்டுப் போன அந்தக் குழந்தைப் பொம்மை, கீழே கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி எனக்குத் தோன்றியது.

"கழுத்து திரும்பியிருக்குதுடி," என்றேன்.

ஜெசிந்தா அதன் தலையைப் பிடித்து முறுக்கிப் பார்த்தாள். "போடி பைத்தியம். இது ஒரே அச்சுல ஊத்துனது. கழுத்து எப்படித் திரும்பும்?"

மிஸ் என்னைப் பார்த்தார். நானும் மடச்சி மாதிரி, "நான் நிக்கறனுங்க மிஸ்," என்றேன்.

இந்த இடத்தில் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். எனக்கு எம்.ஏ. படித்து வாத்தியாராவதென்றால் உயிர். அதற்கு முன்னால் வந்த இரண்டு வரன்களும், படித்தது போதும் என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவதாக வந்தது காரமடை வரன். கல்யாணத்துக்கு அப்புறமும் படிக்க வைக்கிறோம் என்று அவர்களாகவே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பாவும், இது அமையாவிட்டால் அடுத்து வருவதற்கு மறுபேச்சில்லாமல் தலையாட்டிவிட வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம், முறையாகப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கோயிலிலோ கடைவீதியிலோ பெண்ணை அவளுக்குத் தெரியாமல் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். அன்று காலைதான் அம்மா தலை பின்னிக்கொண்டே சொன்னாள்.

"காரமடைக்காரங்க ஆராச்சும் இன்னைக்கு உன்ற காலேசுக்கு வருவாங்களாட்டம் இருக்குது கண்ணு. ஆடாம அசையாம அடக்கமா இருந்துக்கோ."

அம்மா பேச்சை அவ்வளவு அட்சரசுத்தமாக நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

காலை பத்து மணிக்கு ஏறி நின்றேன். தலையில் பழுப்பு விக், உதட்டில் சாயம், கையில் போண்டாத் தட்டு, முகத்தில் அந்த விளம்பரச் சிரிப்பு. கூட்டம் வந்தது, பார்த்தது, போனது. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை என் முழங்காலைக் கிள்ளிவிட்டு, "இது கொஞ்சம் சூடா இருக்குதுங்க டீச்சர்," என்றது. டீச்சர் அதை அடக்கிக் கூட்டிப்போனார்.

கூட்டம் இருந்தவரைக்கும் ஒன்றும் தெரியவில்லை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும், ஜெசிந்தாவும் வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். உள்ளே நாங்கள் மூன்று பேர் மட்டும். நீல வெளிச்சம் மினுக் மினுக் என்றது. அப்பா டிவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். என் இடுப்புக்குப் பக்கத்தில் யாரோ மெதுவாக மூச்சு விட்ட மாதிரி இருந்தது. குழந்தை நின்ற பக்கம் அது. திரும்பிப் பார்க்க எனக்கு தைரியம் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குக் குலதெய்வத்தின் பெயர்கூட ஞாபகம் வரவில்லை.

அப்போதுதான் வெளியே குரல் கேட்டது. "ஏனுங்க அம்மணி, வரலாறு படிக்கிற பூங்கொடிங்கற புள்ள எங்கீங்க?"

பூங்கொடி நான்தான். நான் பொம்மையாக நிற்பதை ஒரு சுண்டெலிக்கும் சொல்லக்கூடாது என்று மிஸ் ஜெசிந்தாவிடம் சத்தியம் வாங்கியிருந்தார். "இங்கதாங்க எங்கயாச்சும் இருப்பா, உள்ள உக்காருங்க," என்றாள் அந்தப் புண்ணியவதி.

இரண்டு பெண்கள் வந்து எனக்கு நேர் எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மூத்தவர் மாப்பிள்ளையின் அம்மா, இளையவர் அவர் தங்கை என்பது பேச்சிலேயே தெரிந்துவிட்டது. என் நெஞ்சு அடித்த அடியில் போண்டா உருளாமல் இருந்ததே பெரிய காரியம்.

"பெட்ரோலு முப்பது பைசாவாக்கா? அந்தூர்ல இத்தன சல்லிசா?" என்றார் தங்கை.

"அதுக்கென்ன பண்றது, அங்கிருந்து கேன்ல தூக்கிட்டா வர முடியும்?" அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த அம்மணிக்கு ஊட்டுல எத்தன சாமான் பாத்தியா. பொட்டி பொட்டியா வாங்கிப் போட்டிருக்கறாங்க. மகராசி சிரிச்சுட்டே நிக்கறா."

"இவ படிச்சிருப்பாளாக்கா?"

"இத்தன இருக்கறப்ப படிச்சு என்னத்தப் பண்றது?"

"அப்ப நம்ம பூங்கொடிய எம்.ஏ. படிக்க வெக்கறோம்னு சொல்லி உட்டீங்களே?"

"அட, அது பேச்சுக்குச் சொல்றதுதான். தாலி ஏறி, ஒரு கொழந்த பொறந்துட்டா படிப்பாவது ஒண்ணாவது. அவளே மறந்துபோடுவா."

அழுகை வந்தது. பொம்மை அழக்கூடாது என்று அடக்கினேன். அடக்கியது வேறு வழியாக வந்துவிட்டது. சிரித்த வாய் சிரித்தபடியே, பல் பிரியாமல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி என் தொண்டையிலிருந்து ஒரு குரல் கிளம்பியது.

"சொன்னா படிக்க வெக்கோணுமுங்க."

(கோபத்தின் உச்சியிலும் 'ங்க' போட்டிருக்கிறேன் பாருங்கள். எங்கள் ஊரில் பேய் பிடித்தாலும் மரியாதை போகாது.)

ஸ்டார்ட்டர் மட்டும் டிக் டிக் என்றது. தங்கை, "நீங்களாக்கா பேசுனீங்க?" என்று கேட்டார். அக்கா மெதுவாக எழுந்தார். இரண்டு கைகளையும் கூப்பினார். என்னைப் பார்த்து, இல்லை, எனக்குக் கொஞ்சம் கீழே எங்கேயோ பார்த்து, "சரிங்க," என்றார். முதுகைக் காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியே போனார். தங்கை அவருக்கு முன்னாலேயே வெளியே போயிருந்தார்.

போச்சு, கல்யாணமும் போச்சு, எம்.ஏ.வும் போச்சு. கீழே இறங்கி ஓடிப்போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று காலை எடுத்தேன். இரண்டு கால்களும் மரத்துக் கிடந்தன. விழாமல் இருக்க அப்பா பொம்மையின் கையைப் பிடித்தேன். கை கழன்று என்னோடு வந்தது. டிவி மேல் நான் விழ, பல்பு வெடிக்க, போண்டாக்கள் நாலா பக்கமும் ஓட, சரியாக அந்த நேரத்தில் பிரின்ஸிபாலும் சிறப்பு விருந்தினரும் டார்ச்சோடு உள்ளே வந்தார்கள். நான் எழுந்து, விக் ஒரு கண்ணை மறைக்க, வணக்கம் சொன்னேன். மொத்தம் மூன்று கைகள் கூப்பியிருந்தன.

"இது எதைக் குறிக்குதுங்க?" என்று கேட்டார் விருந்தினர்.

ராஜலட்சுமி மிஸ் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "அணுகுண்டு பயமுங்க சார். அந்தக் காலத்துல அங்க ஊரூரா இப்படித்தான் ஒத்திகை பாத்தாங்க."

எங்களுக்கு முதல் பரிசு கிடைத்தது. வாங்கிக்கொள்ள நான் மேடையேறவில்லை. கழிப்பறையில் மூஞ்சியைக் கழுவிக்கொண்டே அழுதுகொண்டிருந்தேன்.

ஆனால் சாயந்தரம் வீட்டுக்குப் போனால் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். காரமடையிலிருந்து ஆள் வந்து போயிருந்ததாம். பெண்ணைப் பார்க்க முடியவில்லையாம், ஆனாலும் சம்மதமாம். படிப்பு விஷயத்தில் சொன்னது சொன்னதுதான் என்று ஒரு தடவைக்கு மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனாராம்.

கல்யாணம் நடந்தது. எம்.ஏ. விண்ணப்பத்தை வரிசையில் நின்று வாங்கி வந்ததே என் மாமியார்தான். பரீட்சை சமயத்தில் என்னைச் சமையலறைப் பக்கம் விடவே மாட்டார். எனக்குக் குழந்தை பிறந்தபோது ஒரு பருவத் தேர்வை விட்டுவிடலாமா என்று கேட்டேன். "ஐயோ, அது மட்டும் ஆகாது கண்ணு," என்று அவர் முகம் வெளுத்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இப்படி அவரைப் பயமுறுத்திப் படித்த படிப்பில்தான் நான் இத்தனை வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறேன். உறுத்தல் தாங்காமல் போன தை மாதம், அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அத்தை, அன்னைக்கு அந்த அமெரிக்காப் பொம்ம பேசல. நான்தானுங்க பேசுனேன்."

அவர் நறுக்குவதை நிறுத்தவே இல்லை. "அது தெரியாதாக்கும் எனக்கு. கல்யாணத்தன்னைக்கு நீ வாயத் தொறந்து 'சரிங்கத்தை'ன்னயே, அப்பவே கண்டுபிடிச்சுட்டேன்."

"அப்புறம் எதுக்குங்க இத்தன வருசம் பயந்தீங்க?"

"உனக்கு ஆரு பயந்தா? நீ பேசி முடிச்சொடனே, பக்கத்துல நின்ன அந்தச் சின்னப் புள்ளப் பொம்ம ஆமாங்கற மாதிரி தலைய ஆட்டுச்சே. அதுக்குத்தான பயந்தேன்."

அது ஒரே அச்சில் ஊற்றியது, கழுத்து அசையாது என்று விளக்கிச் சொன்னேன். "அதென்னமோ எனக்குத் தெரியாது. ஆட்டுச்சு," என்று அடுத்த காயை எடுத்தார். அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதற்கு வாக்குக் கொடுத்தாலும், "பொம்ம தலையாட்டுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் நம்புகிறார்கள். என் மகளும் அவள் அப்பாவும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைக்கிறேன்.

அதே வருடம் தீபாவளிக்குத் துணி எடுக்க மாமியாரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். குழந்தைகள் பிரிவில் பாவாடை சட்டை போட்ட ஒரு பெண் பொம்மை நின்றது. என் மாமியார் தடியை ஊன்றிக்கொண்டு அதற்கு முன்னால் போய் நின்றார். கூட்டத்தில் யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். அப்புறம் குனிந்து, மெதுவான குரலில் அதனிடம் சொன்னார்.

"படிக்க வெச்சுட்டனுங்க."

நான் அந்தப் பொம்மையின் முகத்தைப் பார்க்கவில்லை. பில் போடும் இடத்துக்கு வேகமாக நடந்துவிட்டேன்.