கையை எங்க வைக்கிறது, சார்?

"க்கும்."

கதவுக்கு வெளியே ஒரு கனைப்பு. ஆள் தெரியவில்லை. கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு "க்கும்."

"உள்ள வாங்க செல்வமணி," என்றேன்.

வந்தார். செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நகர்ந்து, பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். ஆறடி பெஞ்சில் அவர் எடுத்துக்கொண்டது நாலு விரல் இடம்.

அன்றைக்கு நான் நடத்த வேண்டிய பாடம் உடல்மொழி.

நடத்துகிறவனின் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் எடைமேடை கிளார்க். லாரி மேடையில் ஏறும். எடை போடுவேன். கண்ணாடியில் வெட்டிய ஓட்டை வழியாகச் சீட்டை நீட்டுவேன். இருபது வருஷமாக உலகம் என்னைப் பார்த்தது முழங்கை வரைக்கும்தான்.

ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் டிக்‌ஷனரி படித்தும், வெளிமாநில டிரைவர்களிடம் பேசிப் பழகியும் ஒட்டவைத்த இங்கிலீஷ் என்னுடையது. அதை அரியலூரில் ஒரு உரக்கடை மாடியில் சாயங்காலம் ஐந்து பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லோரும் பெரியவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். பகலிலும் தூக்கம் வராத ஆள் ஏதாவது செய்துதானே ஆக வேண்டும்.

செல்வமணிக்கு மட்டும் அவசரம் இருந்தது. குன்னத்துக்காரர். மக்காச்சோள குடோனில் பதினெட்டு வருஷமாக லோடுமேன். போன மாதம் மூட்டையோடு குனிந்தவர் நிமிரவில்லை. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "இனிமே மூட்ட தூக்குனீங்கன்னா, அப்புறம் உங்கள நாலு பேரு தூக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

பெரம்பலூரில் ஒரு கோழித்தீவனக் கம்பெனியில் ஸ்டோர் சூப்பர்வைசர் வேலை வந்திருந்தது. தூக்க வேண்டாம், எண்ணினால் போதும். பத்தாவது பாஸ், கொஞ்சம் இங்கிலீஷ். இன்டர்வியூவுக்குப் பத்து நாள் இருந்தது. அதுவரைக்கும் குடோனைக் கூட்டிப் பெருக்கச் சொல்லி முதலாளி தவணை கொடுத்திருந்தார். இந்த வேலை கிடைக்காவிட்டால் பதினோராவது நாள் மறுபடியும் மூட்டைதான்.

"நம்ம வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே நம்ம உடம்பு பேசிடும்," என்று ஆரம்பித்தேன். முன்பக்கமும் பின்பக்கமும் இல்லாத ஒரு பழைய புத்தகத்தில் படித்தது. "கண்ணப் பாத்துப் பேசணும். கையக் கட்டக் கூடாது. வாயப் பொத்தக் கூடாது. உக்காந்துட்டா உக்காந்ததுதான். வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் எந்திரிக்கக் கூடாது."

"அப்ப கைய எங்க வைக்கிறது, சார்?" என்றார் செல்வமணி.

நியாயமான கேள்வி. புத்தகத்தில் அந்தப் பக்கமும் கிழிந்திருந்தது.

"தொடமேல வைங்க. ஆட்டக் கூடாது."

வைத்தார். இரண்டு கையும் ஊருக்குப் புதுசாக வந்த விருந்தாளிகள் மாதிரி அங்கே தவித்தன. ஒரு நிமிஷம் கழித்துப் பார்த்தால் இரண்டும் கக்கத்துக்குள் இருந்தன.

"அண்ணே, கை ஓடிப்போச்சு," என்றாள் கவிதா. ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவள். வகுப்பில் யார் தப்பு செய்தாலும் முதலில் கண்டுபிடிப்பது அவள்தான்.

"நானா கட்டுறேன்? அதுவா போயிடுதும்மா."

மாதிரி இன்டர்வியூ நடத்தினேன். நான் மேனேஜர். நடுவில் கவிதா தண்ணீர் குடிக்கப் போனாள், செல்வமணி எழுந்தார். திரும்பி வந்தாள், எழுந்தார். கீழே இருந்து உரக்கடைக்காரர் சாவி கேட்டு வந்தார், எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஃபேன் ரிப்பேர் பார்க்க வந்தவருக்கும் எழுந்தார்.

"ஃபேன் சுத்துனா அதுக்கும் எந்திரிப்பாரு போல," என்றாள் கவிதா.

நான் விடவில்லை. வீட்டுப்பாடம் கொடுத்தேன். ரெண்டு நாளைக்கு யாரிடம் பேசினாலும் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும்.

மூன்றாம் நாள் வந்தவர் முகம் வாடியிருந்தது.

"எப்படிப் போச்சு செல்வமணி?"

"பஸ்ல கண்டக்டரக் கண்ணுக்குக் கண்ணு பாத்தேன் சார். செக்கிங்குன்னு நெனச்சுட்டாரு. விட்டுப்போன நாலு பேரத் தேடிப் போயி டிக்கெட் கிழிச்சுக் குடுத்தாரு."

"பரவால்லையே. முதலாளி?"

"'என்னடா முறைக்கிற, சங்கம் கிங்கம் ஆரம்பிக்கப் போறியா'ன்னாரு. மத்தியானமே வேற குடோனுக்கு அனுப்பிட்டாரு."

"வூட்டுல?"

"அவ ஊதச் சொன்னா சார்."

நம் ஊரில் பார்ப்பதற்கும் முறைப்பதற்கும் நடுவில் இடமே கிடையாது என்பது அந்தப் புத்தகத்தை எழுதியவருக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் பாடத்தைத் திருத்தினேன். கண்ணைப் பார்க்க வேண்டாம், இரண்டு புருவத்துக்கும் நடுவில் பார்த்தால் போதும்.

"பொட்டு வைக்கிற எடத்துலயா சார்?" என்றாள் கவிதா.

"ஆமா."

அது வேலை செய்தது. ஒன்பதாம் நாள் செல்வமணி கனைக்காமல் கதவைத் தட்டினார். நேராக நடந்து வந்தார். பெஞ்சில் ஒரு முழு ஆளுக்கு உண்டான இடத்தில் உட்கார்ந்தார். கை தொடைமேல், பார்வை என் பொட்டுமேல். "குட் ஈவினிங் சார், மை நேம் இஸ் செல்வமணி." எனக்கு ஜிலீரென்றது. யாரோ ஒரு அதிகாரி வகுப்பைச் சோதிக்க வந்துவிட்டார் என்று ஒரு கணம் நான் எழுந்திருக்கப் பார்த்தேன்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இன்டர்வியூ அன்று காலை ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து வெளியே வந்தேன். போன் அடித்தது. "சார், நீங்க கூட வந்தாத்தான் எனக்குத் தைரியம்."

அப்படியே பஸ் ஏறினேன். சிமெண்ட் படிந்த சாம்பல் சட்டை, கையில் ஒயர்கூடை, கூடைக்குள் ராத்திரி டீ ஃபிளாஸ்க். தூங்காத கண். பெரம்பலூர் நாலு ரோட்டில் இறங்கினால் செல்வமணி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் நின்றார். எங்கள் இரண்டு பேரில் யார் வாத்தியார் என்று கேட்டால் ரோட்டில் போகிற யாரும் அவரைத்தான் காட்டியிருப்பார்கள்.

கம்பெனியில் வெளி ஹாலில் ஒரு நாற்காலிதான் காலி, அதில் அவரை உட்காரவைத்தேன். நான் நிற்பதைப் பார்த்ததும் செல்வமணி எழுந்து, "உக்காருங்க சார்" என்றார்.

"எந்திரிக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது," என்று பல்லைக் கடித்தேன். "உள்ள போயி இதச் செஞ்சீங்க, வேல போச்சு. அந்த ஜனாதிபதியே வந்தாலும் சீட்ட விட்டு அசையக் கூடாது."

"சரிங்க சார்."

பேர் கூப்பிட்டார்கள். கதவு வழியாகப் பக்கவாட்டில் நுழையாமல் நேராக நுழைந்தார். நான் மூலையில் போய் நின்றுகொண்டேன்.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். கதவு திறந்து மேனேஜர் வெளியே வந்தார். முப்பது வயது இருந்தால் அதிகம். கழுத்தில் கம்பெனி அட்டை.

நான் என்ன செய்தேன் என்பதை உள்ளது உள்ளபடி சொல்கிறேன். ஒயர்கூடை கக்கத்துக்குப் போனது. வலது கை இடது கையைப் பிடித்துக்கொண்டது. கழுத்து குனிந்தது. கால் இரண்டடி பின்னால் போய்ச் சுவரைத் தேடியது. இதில் ஒன்றையும் நான் செய்யவில்லை. என் அப்பா மிராசுதார் வாசலில் நின்ற நிற்பு அது. அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது, நிற்பு மட்டும் இங்கேயே இருந்திருக்கிறது.

மேனேஜர் ஹால் முழுக்கப் பார்த்தார். என் மேல் பார்வை நின்றது.

"அண்ணா, உள்ள மூணு டீ. ஒண்ணு சர்க்கரை இல்லாம."

மரியாதையாகத்தான் சொன்னார். வாயைத் திறப்பதற்கு முன்னாடியே என் உடம்பு அவரிடம் எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தது. நான் நடத்திய பாடம் நூற்றுக்கு நூறு சரி.

நான் அந்த ஆள் இல்லை என்று இங்கிலீஷில் சொல்ல எனக்கு ஏழு விதம் தெரியும். "சரிங்க சார்," என்றேன்.

கேன்டீன் பின்பக்கம் இருந்தது. டீ மாஸ்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "புதுசா?"

"ஆமாங்க." அதையும் ஏன் சொன்னேன் என்று இன்று வரை தெரியவில்லை.

"ட்ரேயை இப்படிப் புடி. சாருங்க மூஞ்சியப் பாக்காத, கிளாஸப் பாரு. வச்சுட்டு அப்படியே பின்னாலயே வந்துடு." பத்து நாள் நான் நடத்திய பாடத்தை அரை நிமிஷத்தில் தலைகீழாக நடத்தி முடித்தார். அவருடைய பாடத்தில் கிழிந்த பக்கமே இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் மேனேஜரும், வழுக்கைத் தலையோடு ஒரு ஸ்டோர் ஆபீசரும். இந்தப் பக்கம் செல்வமணி. முதுகு நேர். கை தொடைமேல். பார்வை மேனேஜரின் புருவ நடுவில். "ஐ ஹேவ் எய்டீன் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் இன் மெய்ஸ், சார்." மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி ஒரே சீராக வந்தது. நான் கிளாஸைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அப்புறம் அவர் திரும்பினார்.

நாற்காலி பின்னால் விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டது. செல்வமணி எழுந்து நின்றிருந்தார். ஜனாதிபதி வந்தால் எழுந்திருக்க மாட்டார் என்று இப்போதும் நம்புகிறேன். வந்தது நான்.

"சார், நீங்க போயி எதுக்கு சார்," என்று ட்ரேயைப் பிடித்தார்.

"உக்காருங்க," என்றேன் அடிக்குரலில்.

"நீங்க நிக்கிறப்ப நான் எப்படி சார் உக்கார்றது. இப்படிக் குடுங்க."

"விடுங்க செல்வமணி."

"நீங்க விடுங்க சார்."

பதினெட்டு வருஷம் மூட்டை தூக்கிய கை. ட்ரே அவர் பக்கம் போனது. ஒரு டீ மட்டும் மேசைப் பக்கம் போனது. ஸ்டோர் ஆபீசர் பேப்பர்களை அள்ளித் தூக்கினார். செல்வமணியின் விண்ணப்பம் மட்டும் முழுசாக நனைந்தது.

மேனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாருங்க இவரு?"

"என் இங்கிலீஷ் சார், சார்."

மேனேஜர் என்னிடம் இங்கிலீஷில் கேட்டார், அப்படியானால் எதற்காக டீ கொண்டுவந்தீர்கள் என்று.

"யூ ஆஸ்க்ட், சார்," என்றேன். அந்த இன்டர்வியூவில் நான் பேசிய மொத்த இங்கிலீஷ் அதுதான்.

ஸ்டோர் ஆபீசர் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். "மொதல்ல உக்காருங்க," என்றார். இருந்தது ஒரே நாற்காலி. செல்வமணி அதை எடுத்து நிறுத்தி, துண்டால் தட்டி, என்னை அதில் உட்காரவைத்துவிட்டு, ட்ரேயோடு பின்னால் நின்றுகொண்டார். வேலைக்கு வந்தவர் நிற்கிறார், துணைக்கு வந்தவன் இன்டர்வியூ நாற்காலியில் இருக்கிறேன். மேனேஜர் நனைந்த விண்ணப்பத்தை ஓரமாகத் தள்ளினார். முடிந்தது, நாளையிலிருந்து இவர் மறுபடி மூட்டைக்குக் கீழே போகப்போகிறார், அதற்குக் காரணம் நான் என்று உட்கார்ந்திருந்தேன். எனக்கே கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஸ்டோர் ஆபீசர்தான், சும்மா பேச்சுக்குக் கேட்கிற மாதிரி, தமிழில் கேட்டார். "ஏங்க, மழைல நனைஞ்ச லோடு வருது. மேல பாத்தா காஞ்ச மாதிரிதான் இருக்கு. எப்படிக் கண்டுபுடிப்பீங்க?"

"மேல பாக்கக் கூடாதுங்க," என்றார் செல்வமணி. ட்ரே இடது கைக்கு மாறியது. "நடு மூட்டைல கைய விடணும். முழங்கை வரைக்கும். உள்ள வெதுவெதுன்னு இருந்துச்சுன்னா அந்த மூட்ட வாணாம், பூஞ்சணம் புடிக்கப் போவுது. இந்தா இப்படி ஒரு குத்து அள்ளி, உள்ளங்கைல உருட்டுனா சலசலன்னு கேக்கணும். மொத்துனு இருந்தா ஈரம். ஒரு மணியக் கடிச்சா டக்குனு ஒடையணும், அமுங்கக் கூடாது."

அவருடைய வலது கை காற்றில் மூட்டைக்குள் போனது, அள்ளியது, உருட்டியது. இல்லாத சோளம் எனக்கே கேட்டது.

"மூட்டைய எப்படி அட்டி போட்டு அடுக்குவீங்க?"

"கீழ மரக்கட்ட போட்டுத்தாங்க. சுவத்துலேர்ந்து ஒரு ஆளு நடக்க எடம் விடணும்." முதுகு வளைந்து, கை விரிந்து, அறைக்குள் ஒரு குடோன் எழுந்தது. ஆபீசர் தன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார், அட்டிக்கு இடம் விடுகிறவர் மாதிரி. செல்வமணி இப்போது யாருடைய பொட்டையும் பார்க்கவில்லை. எல்லோரும் அவர் கையைப் பார்த்தார்கள். பத்து நாளாக நான் தொடைமேல் ஆணி அடித்து வைத்திருந்த கை அது.

ஆபீசர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் ஒரு புது ஃபாரத்தை எடுத்து நீட்டினார். "இதுல திருப்பி எழுதிக் குடுத்துட்டு, திங்கட்கிழம வந்துடுங்க."

செல்வமணிக்குப் புரிய ஒரு நொடி ஆனது. ட்ரேயை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் ஃபாரத்தை வாங்கிக்கொண்டு, கண்ணைத் துண்டால் துடைத்தபடி வெளியே போனார். பக்கவாட்டில்தான் போனார்.

"நல்லா தயார் பண்ணியிருக்கீங்க சார்," என்றார் மேனேஜர் என்னிடம். "இந்த விளக்கமெல்லாம் நீங்க சொல்லிக்குடுத்ததா?"

நான் தலையை ஆட்டினேன். அது ஆமாவா இல்லையா என்று அவருக்கும் விளங்கியிருக்காது, எனக்கும் விளங்கவில்லை.

அடுத்த ஆளின் பேரைக் கூப்பிட்டார்கள். நான் நாற்காலியைக் காலி செய்துவிட்டுக் கிளாஸ்களை ட்ரேயில் எடுத்து அடுக்கினேன். கதவருகே போகும்போது ஸ்டோர் ஆபீசர் கூப்பிட்டார்.

"அப்படியே இன்னும் மூணு டீ, சார்."

'சார்' சேர்ந்திருந்தது. ட்ரேயை ஏந்திக்கொண்டு கேன்டீன் பக்கம் நடந்தேன்.