நூற்றுக்கு நூறு கட்டிய ஊர்

கடன் வாங்காத ஊர் உலகத்தில் கிடையாது. ஆனால் வாங்கிய கடனை ஆண்டு தவறாமல், வீடு தவறாமல், ஒரு பாட் காசு குறையாமல் திருப்பிக் கட்டிய ஊர் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது நோங் கோப். சந்தேகப்படுகிறவர்கள் ஊர் நுழைவாயில் வளைவைப் பார்க்கலாம். 'நூற்றுக்கு நூறு! 11ஆம் ஆண்டு!' என்று பொன்னெழுத்தில் இருக்கும். அதில் 11 மட்டும் தகரத்தில் வெட்டி ஆணியில் தொங்கும். அடுத்த ஆண்டு மாற்ற வேண்டும் அல்லவா?

இத்தனை பெரிய சாதனைக்குத் தேவைப்பட்டவை இரண்டு மேசை, ஒரு புளியமரம், ஒரு பணக்கட்டு.

ஆண்டுக்கொரு நாள் ஊர் மண்டபத்தில் ஊர் முன்னேற்ற நிதியத்தின் 'திருப்பிக் கட்டும் திருநாள்'. காலையிலேயே அரிசி ஆலைக்கார முய் அக்கா புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். மடியில் இருபதாயிரம் பாட் கட்டு. முதல் வீட்டுக்காரர் அதை அவளிடம் வாங்கி முதல் மேசையில் வைப்பார். ஊர்த்தலைவர் பிரசித் எண்ணுவது போல் விரலை ஓட்டி, வீட்டுக்காரர் சொந்தப் பையிலிருந்து கட்ட வேண்டிய வட்டி ஆயிரத்து இருநூறையும் வாங்கிக்கொண்டு, 'பழைய கடன் தீர்ந்தது' என்று முத்திரை குத்துவார். போட்டோ. கட்டு இரண்டாம் மேசைக்கு நகரும். ஓய்வு பெற்ற வினய் வாத்தியார் அதே கட்டை 'புதிய கடன்' என்று நீட்டுவார். கையெழுத்து. போட்டோ. கட்டு மறுபடி புளியமரத்தடிக்குப் போகும், நானூறு பாட் 'உபகாரத் தொகை'யோடு. அடுத்த வீட்டுக்காரர் வரலாம்.

முய் அக்கா நீங்கலாக நாற்பது வீடு. ஒரே கட்டு. சாயங்காலத்துக்குள் ஊரே கடனைத் தீர்த்து, ஊரே கடன் வாங்கி, ஊரே கோழி வறுவல் சாப்பிட்டு வீடு திரும்பிவிடும். கடன் வாங்கிய காரணம் எல்லாருக்கும் 'எருமை வளர்ப்பு'. ஊரில் இருப்பதோ கம்பா அண்ணனின் ஒரே எருமை. நாற்பது வீட்டு வாசலிலும் நின்று போட்டோ எடுத்துக்கொண்ட அனுபவத்தில், கேமராவைக் கண்டாலே அது தலையை நிமிர்த்தும்.

இப்படிப்பட்ட புண்ணிய ஊரில்தான் பதினேழாம் எண் வீட்டில் சாய்பின் என்ற பெண்மணி, ஒரு அசம்பாவிதத்துக்குத் திட்டம் தீட்டினாள்.

கடனைக் கட்டிவிடுவது என்று!

அவளைத் தூண்டியது ஒரு கடிதம். 'அடுத்த திருநாளன்று தாங்கள் அறுபது வயதை எட்டியிருப்பீர்கள். எனவே தங்கள் கடனைக் கௌரவமாகச் சுமக்கும் பேறு தங்கள் மகள் சுமாலிக்கு வழங்கப்படும். ஓராண்டு முன்னறிவிப்பு. வாழ்த்துகள்.'

சுமாலி ரயோங்கில் டயர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இருபத்து நான்கு வயது. போனில் சிரித்தாள்.

"அப்பாகிட்டேர்ந்து எனக்கு வந்தது இந்தச் சப்பை மூக்கு ஒண்ணுதான். இப்ப கடனுமா? சரி விடும்மா, ஒரு கையெழுத்துதானே. வந்து போட்டுட்டுப் போறேன்."

"நானும் ஒரு கையெழுத்துன்னுதான்டி போட்டேன்" என்றாள் சாய்பின். "பதினோரு வருஷமா போட்டுக்கிட்டே இருக்கேன்."

புயலில் கூரைத் தகரம் பறந்தபோது வாங்கிய கடன் அது. அந்தத் தகரமே துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. கடன் மட்டும் புத்தம் புதுசாக இருந்தது. ஆண்டுதோறும் புதுப்பிக்கிறார்களே!

சாய்பின் ஒரு மூங்கில் குழாயை எடுத்து, கணுவுக்கு மேலே காசு போகும் அளவுக்குக் கீறினாள். அன்று முதல் அந்த வீட்டில் சிக்கன நடவடிக்கைகள் அமலுக்கு வந்தன. நீண்ட கழியின் நுனியில் கூடை கட்டி மாமரம் மாமரமாக முசுறு எறும்புக் கூட்டைக் குத்தி, முட்டைகளைச் சந்தையில் விற்றாள். முசுறுகள் சும்மா விடுமா? இரண்டு கையும் தோளும் வீங்கின. மழைக்காலத்தில் தவளை. அதன் பிறகு கோரைப்பாய்.

கணவர் தோங்சுக்கின் தியாகம் இன்னும் பெரிது. ஒன்றாம் தேதியும் பதினாறாம் தேதியும் லாட்டரி வாங்குவதை நிறுத்தினார்.

"ஏய் சாய்பின், நேத்து கனவுல எருமை வந்துச்சு. நாலு காலு, ரெண்டு கொம்பு. நாப்பத்திரண்டு!"

"முட்டாம போச்சேன்னு சந்தோஷப்படுங்க."

"ஒரே ஒரு சீட்டு..."

"குழாய்ல போடுங்க."

போட்டார். அந்தத் தடவை கடைசி இரண்டு எண் நாற்பத்திரண்டு விழுந்தது. மூன்று நாள் அவர் அவளோடு பேசவில்லை. நான்காம் நாள், தவளை பிடிக்க டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு அவரே கிளம்பினார்.

திருநாள் வந்தது.

"அடுத்து பதினேழு!" என்று மைக் கத்தியது. முய் அக்கா கட்டை நீட்டினாள். "வா சாய்பின். சூடா இருக்கு, இப்பத்தான் பதினாறாம் வீடு முடிஞ்சுது."

"வேணாம்க்கா."

"வேணாமா? எதை வெச்சுக் கட்டுவ?"

"என் பணத்தை வெச்சு."

முய் அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "உனக்கு இவ்ளோ தமாஷா பேச வருமா? இத்தனை வருஷமா தெரியாமப் போச்சே!"

சாய்பின் முதல் மேசைக்குப் போனாள். பின்னால் தோங்சுக். அவருக்குப் பின்னால், இரவெல்லாம் பஸ்ஸில் வந்த சுமாலி. சாய்பின் பைக்குள் கையை விட்டாள்.

வெளியே வந்தது வெட்டுக்கத்தி!

தலைவர் பிரசித் நாற்காலியோடு இரண்டடி பின்னால் போனார். "சா... சாய்பின்! எதா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்!"

"அதுக்குத்தான் வந்திருக்கேன் தலைவரே."

கத்தி இறங்கியது. மூங்கில் குழாய் இரண்டாகப் பிளந்தது. இருபதும் ஐம்பதும் நூறுமாக நோட்டுகள் மேசை முழுக்கச் சரிந்தன. கூடவே நாலைந்து முசுறுகளும்.

"இது... என்ன?"

"பணம்."

"அது தெரியுதும்மா. எங்கேர்ந்து வந்துச்சு?"

"மாமரத்துலேர்ந்து."

எண்ணி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. பன்னிரண்டு ஆண்டில் அந்த மேசையில் பணத்தை உண்மையாகவே எண்ணியது அன்றுதான் என்பதால் தலைவருக்கு வழக்கம் விட்டுப்போயிருந்தது. இருபதாயிரம், வட்டி தனி. சரியாக இருந்தது. வேறு வழியில்லாமல் முத்திரை குத்தினார். வினய் வாத்தியார் பழக்க தோஷத்தில் அந்தக் குவியலை அப்படியே அள்ளி சுமாலியிடம் நீட்டினார்.

"இந்தா பாப்பா, புதுக் கடன். அம்மா பேரைக் காப்பாத்து."

சுமாலி அம்மாவைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாம் சார்."

வாத்தியார் குவியலை மேசையிலேயே இறக்கினார். இரண்டாம் மேசையில் இருபதாயிரம் பாட் கேட்பாரற்றுக் கிடந்தது. ஊர் முன்னேற்ற நிதியத்தின் வரலாற்றில் நிதியத்திடம் அசல் பணம் இருந்தது அதுவே முதல்முறை!

வரிசையில் அடுத்து நின்ற கம்பா அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"தலைவரே, ஒரு சந்தேகம். பணம்தான் அந்த மேசையிலேயே கிடக்கே. நான் முதல்ல அங்க புதுக் கடனை வாங்கி, அப்புறம் இங்க பழைய கடனைக் கட்டிட்டா? முய் அக்காவை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்? நானூறு மிச்சம்."

"அட, ஆமா!" என்றது வரிசை.

புளியமரத்தடியில் ஒரு கோழிக்கால் கை நழுவித் தரையில் விழுந்தது. முய் அக்கா கணக்கில் புலி. மீதி இருபத்து மூன்று வீடு. ஒன்பதாயிரத்து இருநூறு பாட்!

"பிரசித்!" என்று அலறினாள். "கூட்டத்தைக் கூட்டு!"

மத்தியானக் கோழி யார் செலவு என்பது தலைவருக்குத் தெரியும். அவசரக் கூட்டம் கூடியது. ஏழே நிமிடம். 'நிதியத்தில் பணம் இருப்பது நிதியத்தின் பாதுகாப்புக்கு உகந்ததல்ல. ஆகவே மேற்படி தொகையைத் தகுதியுள்ள ஏழை ஒருவருக்கு உடனே கடனாக வழங்குவது' என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். தகுதியுள்ள ஏழையாக முய் அக்கா தேர்வானாள். காரணம், எருமை வளர்ப்பு. கம்பா அண்ணனின் எருமை வரவழைக்கப்பட்டது. தலையை நிமிர்த்தியது. போட்டோ.

முய் அக்கா கையெழுத்துப் போட்டு, சாய்பினின் பணத்தை வாரிக் கட்டி எடுத்துக்கொண்டு, மரத்தடிக்குத் திரும்பி, அந்தக் கட்டையே கம்பா அண்ணனிடம் நீட்டினாள்.

"இந்தா. உனக்கு மட்டும் ஐந்நூறு. சந்தேகம் கேட்டதுக்கு."

வாங்கிய கையில் சுருக்கென்றது. முசுறு.

சாய்பின் ரசீதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பும்போது, வட்டார அலுவலகத்திலிருந்து வந்திருந்த இளம் அதிகாரி டேப்லெட்டோடு ஓடி வந்தார்.

"அம்மா, ஒரு சின்னச் சிக்கல். படிவத்துல ரெண்டே கட்டம்தான் இருக்கு. 'புதுப்பித்தவர்', 'தவறியவர்'. உங்களை எதுல போடறது?"

"நான் கட்டிட்டேனே தம்பி. ரசீது இருக்கு, பாரு."

"கட்டினதுல தப்பே இல்லைங்கம்மா. மறுபடி வாங்கல பாருங்க, அங்கதான் இடிக்குது."

"அப்ப மூணாவதா ஒரு கட்டம் போடு. 'தீர்த்தவர்'னு."

அதிகாரி பரிதாபமாகப் பார்த்தார். "மேல எழுதிக் கேக்கலாம்மா. ஆனா பன்னிரண்டு வருஷத்துல எந்த ஊர்லேர்ந்தும் அப்படி ஒரு கட்டம் வேணும்னு யாரும் கேட்டதில்லையே."

சாய்பின் மகளைப் பார்த்தாள். "இவ பேரு அதுல எங்கயாவது வருதா?"

"இல்லைங்கம்மா."

"அப்ப எந்தக் கட்டத்துல வேணும்னாலும் போட்டுக்கோ."

மறுநாள் சுமாலி மூக்கை மட்டும் எடுத்துக்கொண்டு ரயோங் பஸ் ஏறினாள். அடுத்த வாரம் வளைவில் 11ஐக் கழற்றி 12ஐ மாட்டினார்கள். நாற்பது கடன், நாற்பதும் பைசல். முய் அக்கா வீட்டு வாசலில் 'நல்ல கடனாளி' என்ற நீலப் பலகையைத் தலைவரே அடித்தார். சாய்பின் வீட்டு நீலப் பலகையைப் பிடுங்கி, அதே ஆணித் துளையில் சிவப்பை அடித்தார்கள். தோங்சுக் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"கோணலா இருக்குங்க" என்றாள் சாய்பின். "கொஞ்சம் நேராக்கச் சொல்லுங்க. தூரத்துலேர்ந்தே தெரியணும்."

நோங் கோப்பில் கடனே இல்லாத வீடு எது என்று கேட்டு இப்போது யாராவது வந்தால் வழி சொல்வது சுலபம். வளைவைத் தாண்டுங்கள். நல்ல பெயர் எடுத்த நாற்பது நீலப் பலகைகளையும் விட்டுவிடுங்கள். 'கடன் தவறியவர்' என்று சிவப்பில் எழுதியிருக்கும் கதவைத் தட்டுங்கள்.