ஏற்றத்துக்கு மட்டும்

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க," என்றார் பல் டாக்டர்.

வாடகை சைக்கிள் கடையில் அவரையும் கடைக்காரரையும் தவிர ஈ காக்கை கிடையாது. இருந்தாலும் மூலையில் நின்ற காற்றடிக்கும் பம்பைக்கூட டாக்டர் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

"பாத்தா பேட்டரி வண்டின்னு யாருக்கும் தெரியாது டாக்டர். பேட்டரி சட்டத்துக்குள்ளயே ஒளிஞ்சிருக்கு. சத்தமும் வராது," என்று கடைக்காரர் ஒரு கறுப்பு சைக்கிளைத் தட்டிக் காட்டினார். "கைப்பிடியில இடது பக்கம் சின்னதா ஒரு லீவர் இருக்கு பாருங்க. ஏத்தம் வந்தா அழுத்துங்க. ஏத்தத்துக்கு மட்டும்! அழுத்திக்கிட்டே போனீங்கன்னா பாதிக் காட்டுல சார்ஜ் தீந்துரும். அப்புறம் இருபத்தஞ்சு கிலோ இரும்பை நீங்கதான் தள்ளணும்."

"வழியில சார்ஜ் போட முடியாதா?"

"அங்க தங்குற குடில்ல விளக்கே மெழுகுவத்திதான்."

டாக்டர் முன்பணத்தை எண்ணிக் கொடுத்தார். நாளை காலை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனார்.

இந்த மூன்று நாள் மலைப்பாதைப் பயணத்தை அவர் ஒன்றும் ஆசைப்பட்டுக் கேட்கவில்லை. மாமனாரோடு வழக்கமாகப் போகிறவர் கையை உடைத்துக்கொண்டார். "அதுக்கென்னப்பா, இவரைக் கூட்டிட்டுப் போங்க," என்று மனைவி தாராளமாகத் தாரை வார்த்துவிட்டாள்.

மாமனார் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது வேலைதான். கழுத்தில் தொங்கும் விசில் இன்னும் பணியில் இருந்தது. பத்தொன்பது பேர் கொண்ட சைக்கிள் குழுவை அந்த விசிலால்தான் மேய்த்துக்கொண்டிருந்தார். டாக்டரோ கிளினிக்குக்குள் நாற்காலியிலிருந்து அலமாரிக்குக்கூட சக்கர ஸ்டூலில் உருண்டே போகிறவர். கல்யாணமான புதிதில் ஒருநாள், மாமனார் மகளிடம் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. "மாப்பிள்ளை நல்ல மனுஷன்தாம்மா. ஆனா மெத்தை."

பதினாலு வருஷமாக அந்த ஒரு சொல் அவருக்குப் பல்லிடுக்கில் சிக்கிய நாராக உறுத்திக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கிப் போட இதை விட்டால் வேறு வாய்ப்பு வராது. அதற்காகக் கொஞ்சம் பித்தலாட்டம் செய்தால்தான் என்ன?

மறுநாள் காலை டாக்டர் கடைக்கு வந்தபோது மாமனார் அவருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தார். கடைக்காரர் குனிந்து மாமனாருடைய பழைய சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். இந்த இருவரையும் பேசவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று டாக்டருக்கு வியர்த்தது. விசில் வேறு வீறிட்டது. அவர் கதவோரம் நின்ற கறுப்பு சைக்கிளைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, "போலாம் மாமா, போலாம்!" என்று கிளம்பிவிட்டார்.

காடு ஊருக்கு வெளியே உடனே தொடங்கியது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்துக்கு மரங்கள். பாசி பிடித்த அடிமரங்கள், மடங்கிய பெரணி இலைகள், எங்கிருந்தோ விடாமல் கூப்பிடும் ஒரு பறவை.

"இதுல ஒரு மரத்தைக்கூட யாரும் நடல மாப்பிள்ளை. எல்லாம் தானா வந்த காடு. பாத்து வாங்க, வேர் மேல ஏத்திராதீங்க."

முதல் ஏற்றம் வந்தது. டாக்டர் இடது கட்டை விரலால் லீவரை அழுத்தினார். 'டக்' என்றது. சைக்கிள் விறைத்துக்கொண்டு முன்னே போவது நன்றாகவே தெரிந்தது. 'ஆகா, விஞ்ஞானமே விஞ்ஞானம்!' என்று உள்ளுக்குள் கும்பிட்டபடி மிதித்தார். பாதி ஏற்றத்தில் மாமனாரைத் தாண்டினார்.

"மாப்பிள்ளை! மெதுவா!"

தன்னைப் பார்த்து ஒருவர் 'மெதுவா' என்று சொன்னது டாக்டருக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

உச்சியில் மாமனார் மூச்சு வாங்கியபடி வந்து சேர்ந்தார். "அது என்ன, புதுசா லீவர் எல்லாம் இருக்கு?"

"அது... குலுங்காம இருக்கிறதுக்கு மாமா," என்று டாக்டர் வாய்க்கு வந்ததை அளந்தார்.

"அப்படியா! என் வண்டி காலத்துல இதெல்லாம் ஏது? சரி, இந்த வேகத்துல போறவரை வச்சுக்கிட்டு எதுக்கு அடிவாரப் பாதை? முகட்டு வழியாவே போயிருவோம்."

"முகடுன்னா... ஏத்தமா மாமா?"

"ஏத்தத்தைத் தவிர ஒண்ணுமே இல்ல!"

டாக்டர் குனிந்து லீவரைப் பார்த்தார். அத்தனை ஏற்றத்துக்கும் லீவரை அழுத்தினால் சார்ஜ் எப்படித் தாங்கும்? ஒரு வளைவுக்கு அழுத்துவது, அடுத்த வளைவுக்குச் சொந்தக் கால் என்று சிக்கனத் திட்டம் போட்டார். மதியத்துக்குள் தொடை இரண்டும் கொதித்தன. 'பேட்டரி இருந்தே இந்தப் பாடு. இல்லாவிட்டால் என்னைக் கூடையில்தான் அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள்,' என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஓடை குறுக்கிட்டது. முழங்கால் ஆழத்துக்குத் தண்ணீர். மாமனார் சைக்கிளைத் தண்ணீரிலேயே உருட்டிக்கொண்டு அக்கரை போய்ச் சேர்ந்தார்.

"உருட்டிட்டு வாங்க மாப்பிள்ளை!"

பேட்டரி நனைந்தால்? ஷாக் அடித்தால்? டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டார். கல்லில் வழுக்கி, தள்ளாடி, இடுப்புவரை நனைந்து, ஆனால் சக்கரத்தில் ஒரு சொட்டுப் படாமல் கரையேறினார். இருபத்தைந்து கிலோவைத் தூக்கும் பலம் தனக்கு எப்படி வந்தது என்று அவருக்கே மலைப்பாக இருந்தது.

மாமனார் வாயைப் பிளந்தார். "அடேங்கப்பா! இந்த ஓடையை இப்படி ஒருத்தர் தாண்டி நான் பாத்ததே இல்ல!"

இரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. டாக்டர் தன் மழைக்கோட்டைக் கழற்றி சைக்கிளுக்குப் போர்த்திவிட்டார். தான் தொப்பலாக நனைந்தபடி, தும்மிக்கொண்டே மிதித்தார்.

"உங்களுக்குப் போட்டுக்காம வண்டிக்கா போடறீங்க?"

"வண்டிதானே மாமா முக்கியம்!"

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதை இருபது வருஷமா எங்க ஆளுங்களுக்குச் சொல்லிட்டு இருக்கேன். ஒருத்தனும் கேக்கல."

அன்று சாயங்காலம் குடிலில் டாக்டர் சைக்கிளைத் துண்டால் துவட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே மாமனார் குடில்காரம்மாவிடம் பேசுவது கேட்டது.

"எனக்கு முட்டி போயிருச்சும்மா. யார்கிட்ட குழுவை ஒப்படைக்கிறதுன்னு ரெண்டு வருஷமா தேடிட்டு இருந்தேன். ஆளு எங்க வீட்டுலயே இருந்திருக்கு. மாப்பிள்ளைன்னா சும்மா இல்ல, இரும்பு! ஊருக்குப் போனதும் இந்த விசில் அவர் கழுத்துலதான்."

இரும்பு! பதினாலு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை வந்தேவிட்டது. ஆனால் டாக்டருக்குச் சந்தோஷம் வரவில்லை. துண்டைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். வலிக்காது வலிக்காது என்று சொல்லியே ஆயிரம் பல்லைப் பிடுங்கிய மனிதர்தான். ஆனால் கண்கலங்கி நிற்கும் பெரியவரை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமாக இல்லை. சொல்லிவிடலாம் என்று உள்ளே போனார். மாமனார் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் டாக்டர் ஒரு சபதம் எடுத்தார். இன்று எந்த ஏற்றமானாலும் லீவரைத் தொடுவதில்லை. ஒரு நாளாவது நிஜமாக ஓட்டிவிட்டு உண்மையைச் சொல்வோம்.

கடைசி ஏற்றம் உயிரை வாங்கியது. கட்டை விரல் நாலு தடவை லீவர் பக்கம் போய்த் திரும்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். மரங்கள் விலகி வெயில் முகத்தில் அறைந்தபோதுதான் உச்சிக்கு வந்துவிட்டது புரிந்தது. அங்கிருந்து ஊர்வரை ஒரே இறக்கம். ஈர இலை வாசனையும் காற்றும் முகத்தில் மோத, டாக்டர் வாய்விட்டுக் கத்தினார். பின்னால் மாமனாரும் கத்தினார். இப்படி ஒரு சந்தோஷம் உலகத்தில் இருப்பதே தெரியாமல் இத்தனை நாள் ஸ்டூலில் உருண்டிருக்கிறோமே என்று அவருக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

கடை வாசலில் இறங்கியதுமே மாமனார் விசிலைக் கழற்றி டாக்டர் கழுத்தில் மாட்டிவிட்டார்.

"மாமா, இது எனக்கு வேண்டாம்."

"ஏன் மாப்பிள்ளை?"

"நான் ஓட்டினது பேட்டரி வண்டி மாமா. முத ரெண்டு நாள் அந்த லீவரை அழுத்தித்தான் ஏறினேன். என்னை நீங்க... மெத்தைன்னு சொன்னதைக் கேட்டேன். அது உண்மைதான்."

மாமனார் கறுப்பு சைக்கிளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ ஓடையில தூக்கிட்டு வந்தது?"

"பேட்டரி நனைஞ்சிருமேன்னு."

"மழைக்கோட்டு?"

"அதுவும் பேட்டரிக்குத்தான்."

மாமனார் கையை நீட்டினார். டாக்டர் விசிலைக் கழற்றி அந்தக் கையில் வைத்தார். வாழ்க்கையில் இவ்வளவு சின்னப் பொருள் இவ்வளவு கனத்ததில்லை.

அப்போது கடைக்குள்ளிருந்து, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே கடைக்காரர் வெளியே ஓடிவந்தார்.

"வந்துட்டீங்களா டாக்டர்! உங்க பேட்டரி வண்டியை நான் உள்ள துடைச்சு வச்சிருந்தா, வாசல்ல நின்ன சாதா சைக்கிளை, அதான் குலுங்காம இருக்க லீவர் வச்சதை, எடுத்துட்டுப் போயிட்டீங்களே, மூணு நாளா ஃபோன் போட்டுப் போட்டு என் விரலே தேஞ்சு போச்சு!"