யுகேந்திரனின் வலது தோள்

இந்தத் தீபாவளிக்கு வீட்டுக்குச் சாயம் அடிப்பதில்லை என்று யுகேந்திரன் சபதம் எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை கோப்பெங்கில், தாமான் என்கிற குடியிருப்புக்காரர்களின் பூப்பந்து இறுதி ஆட்டம். ஏழு வருடமாக முதல் சுற்றிலேயே வீடு திரும்பியவன், முதல்முறையாக அதுவரை வந்திருக்கிறான். அதற்கு முந்தின வாரம் முழுக்க அண்ணாந்து சீலிங்குக்குச் சாயம் அடித்தால் தோள் என்னத்துக்கு ஆகும்? மனைவி கலாதேவியிடம் இதை நேராகச் சொல்லியிருக்கலாம். அவ்வளவு தைரியம் இருந்தால் அவன் ஏன் சபதம் எடுக்கிறான்? வலது கைக்கு நோய் வரவழைத்தான்.

கலாதேவி ஈப்போவில் ஓர் உடலியக்கச் சிகிச்சை கிளினிக்கில் உதவியாளர். அதனால் அவளிடம் மாட்டாமலிருக்க, போனில் பார்த்துப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தான். கையைப் பக்கவாட்டில் தூக்கினால், முதலில் தோளுக்குள் இருக்கும் ஒரு சின்னத் தசை கிளப்பிவிடுகிறது. தோள் உயரம் வரை கொண்டுபோவது மேலே மூடியிருக்கும் பெரிய தசை. அதற்கும் மேலே போக முதுகிலுள்ள தோள்பட்டை எலும்பு நன்றாகத் திரும்பிக் கொடுக்கவேண்டும். யுகேந்திரன் கையைப் பெரிய தசையின் பாதி வழியில் நிறுத்தப் பழகினான். கண்ணாடி முன் முகம் சுளிக்கவும் பழகினான். அதில் அவனுக்குப் பெருமைகூட.

திங்கட்கிழமை அரங்கேற்றம். கலாதேவி பின்னால் நின்று முதுகில் கை வைத்துக்கொண்டு, மூன்று முறை தூக்கச் சொன்னாள். மூன்று முறையும் கை ஒரே இடத்தில் நின்றது.

“சாயத்த ஆளு வச்சு அடிச்சிரலாம்லா,” என்றான் பாவமாக.

“ஆளு எதுக்கு? இதுக்குப் பயிற்சி இருக்குங்க. ஒரு நீளக் குச்சி. நல்ல கை தள்ளணும், வலிக்கிற கை கூடவே ஏறி எறங்கணும். ஒரு நாளைக்கு எரநூறு தடவ.”

குச்சி வந்தது. நுனியில் ரோலர் இருந்தது. வெறுமனே உருட்டினால் சுவர் தேயும் என்று சாயத்தட்டையும் பக்கத்தில் வைத்தாள். மறுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். உருட்டினான். இடது கை ஓய்ந்தபோது, அவள் பார்க்காத நேரத்தில் வலது கையாலேயே தள்ளினான். புதனுக்குள் கூடம் முடிந்தது, வெள்ளிக்குள் சமையலறையும் சீலிங்கும். சனிக்கிழமை பயிற்சிக்கு வீட்டுக்குள் இடமில்லை என்று வெளிச்சுவருக்கு அனுப்பினாள்.

ஞாயிறு காலை, கை குணமாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டே கூடத்துக்கு வந்தான். கலாதேவி விளையாட்டுச் சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தாள். அவனுடைய மட்டை அவள் மடியில் இருந்தது. இரட்டையர் ஆட்டத்தில் அவனுடைய கூட்டாளி தனேஸ்வரன் வியாழக்கிழமையே விசாரித்தானாம். கை நிலவரத்தை அவள் சொன்னாளாம். முடியாதவருக்குப் பதிலாக அதே வீட்டு ஆள் ஆடலாமாம், பேர் கொடுத்துவிட்டாளாம்.

யுகேந்திரனுக்கு அழுகையே வந்துவிட்டது. “இப்பப் பாரு கலா,” என்று கையை விசுக்கென்று பக்கவாட்டில் தூக்கினான். ஆறு நாள் குச்சி தள்ளிய தோள் பாதியில் பிடித்துக்கொண்டது. உயிர் போய் உயிர் வந்தது.

கலாதேவி எழுந்து அவன் முதுகை எட்டிப் பார்த்தாள்.

“இப்பதான் நெசமாவே வலிக்குது. வலிச்சா தோளு காதுகிட்ட ஏறும்லா. திங்கக்கெழம அது அசையவே இல்லியே. வாரேன்.”