உள்ளதை உள்ளபடி தரும் அம்பிளிபயர்

அல்லைப்பிட்டி,
18.08.2024.

பேரன்புள்ள ஜெகதீஸ் அண்ணைக்கு,

தங்கச்சி அன்ரனிட்டா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மச்சான் நிருபனும் ஒன்பது மாதக் கீர்த்திகனும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதியாயிற்று. ரொறன்ரோவில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மன்றாடுகிறோம் என்பதும் முறை, அதையும் எழுதியாயிற்று. ஏப்ரலில் வந்த பார்சலுக்கு ஓகஸ்டில் நன்றி சொல்கிறாளே என்று நினைப்பீர்கள். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்றை அனுப்பிவிட்டு நீங்கள் வேலைக்குப் போய்விடுவீர்கள். பத்திநாதர் மாமா வெள்ளிக்கிழமை கனடா திரும்புகிறார். அவர் கொண்டுவரும் மிளகாய்த்தூள் பொதிக்குள் இதை வைக்கிறேன். தும்மித் தும்மியாவது கடைசிவரை வாசியுங்கள்.

நீங்கள் அனுப்பிய இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் அலுமாரி போட்ட குட்டிகள் போல ஹோலில் அழகாக நிற்கின்றன. அவற்றைப் பாட வைக்க அம்பிளிபயர் ஒன்று தனியாக வேண்டும் என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டீர்கள். அந்த ஒரு வரியை எழுதாததால் என் வீடு நாலு மாதம் பட்ட பாட்டைத்தான் எழுதப்போகிறேன். உங்கள் மச்சான் படகு என்ஜின் திருத்துகிறவர். கடலில் வருகிற படகின் சத்தத்தைக் கேட்டு, அது ஆருடையது, எந்தப் பிளக் கறுத்திருக்கிறது என்று கரையில் நின்றே சொல்வார். ஆகவே இந்தத் தீவில் காது என்று ஒன்று இருந்தால் அது தன்னுடைய தலையில்தான் இருக்கிறது என்பது அவருடைய விசுவாசப் பிரமாணம். யூரியூப்பில் ஒரு தாடிக்காரனைப் பார்த்துவிட்டு, அம்பிளிபயர் என்றால் கண்ணாடி மாதிரி ஊடாகத் தெரியவேண்டும், பாட்டில் உள்ளதோடு ஒன்றைக் கூட்டவும் கூடாது, அதில் ஒன்றைக் குறைக்கவும் கூடாது என்று பிடித்துக்கொண்டார். கூட்டாமல் குறைக்காமல் கொண்டுவந்து தருகிறவருக்குத் தபால்காரர் என்று பெயர், அவருக்கு ஆரும் இவ்வளவு ஆராதனை நடத்துவதில்லை என்றேன். எனக்கு விளங்காது என்றார். நான் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தவள். அவர் விஞ்ஞான பாடத்துக்கு ஒளித்துக் கடலுக்குப் போனவர். சரி, வாங்குங்கள், என் காப்பு அடகுக்குப் போகாமல் வாங்குங்கள் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு வேறு கவலை இருந்தது, அண்ணை. மே மாதம் கிளினிக்கில் பிள்ளையின் நிறை பார்த்த மருத்துவமாது, கூப்பிட்டால் திரும்புகிறவரோ என்று கேட்டா. ஓம் என்று சொல்லப் பார்த்தேன், நிச்சயமாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தேன், குசினியில் சட்டி மூடியைப் போட்டுப் பார்த்தேன். ஒருதரம் திரும்புவான், அடுத்த இரண்டு தரமும் கால் பெருவிரலைச் சப்பிக்கொண்டு தன்பாட்டில் இருப்பான். யாழ்ப்பாணத்தில் காது பார்க்கிற டொக்டரிடம் செப்டெம்பர் பத்தாம் திகதி போகவேண்டும். உங்கள் மச்சானைக் கேட்டால், தன்னுடைய பிள்ளைக்குக் காதில் பிழை வர வழியே இல்லையாம். அதைப் பரம்பரைச் சொத்து மாதிரிச் சொல்லிவிட்டு, தாடிக்காரனிடம் திரும்பிப் போய்விட்டார்.

முதல் அம்பிளிபயர் இன்னாசித்தம்பி அண்ணையுடையது. கோயில் திருநாள்களுக்குச் சவுண்ட்ஸ் போடுகிறாரே, அவர்தான். இரண்டு பேர் தூக்கிவந்த அந்த இரும்புப் பெட்டியைக் கதிரையில் வைத்தார்கள், கதிரையின் கால் பிளந்தது. ஆறு குழாய் ஸ்பீக்கரை ஒரே இழுவையாக இழுத்த சாமான், தங்கச்சி, என்று தட்டிக் காட்டினார். சத்தத்தை இழுவையில் அளக்கிற மனுசனிடம் தெளிவைப் பற்றி என்ன கேட்பது? போட்டார்கள். கூரை ஓட்டுத் தூசி சோற்றில் கொட்டியது. பக்கத்து வளவில் நாய் வேலி பாய்ந்தது. நான் ஓடினது பிள்ளையிடம். அவன் பாயில் கிடந்து நித்திரை கொள்கிறான், அண்ணை. இமைகூட அசையவில்லை.

"இஞ்சேருங்கோ, பிள்ளை எழும்பேல்லை," என்றேன்.

"அது நல்லதெல்லோ," என்றார் உங்கள் மச்சான், பெட்டியில் காதை வைத்தபடி. "நீர் கொஞ்சம் சத்தம் போடாமல் நில்லும். அடியில ஒரு கடகடப்புக் கேக்குது. இந்த அம்ப் தன்ரை சொந்தச் சரக்கையும் சேர்த்து அனுப்புது."

அன்றைக்கு அவரோடு கதைக்கக் கூடாது என்று தீர்மானித்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் கதைக்காமல் நிற்கச் சொன்னதே அவர்தான்.

இரண்டாவதுக்கு யாழ்ப்பாணத்தில் சிவகுரு என்கிறவரின் கடைக்குப் போனோம். நீல லைற் மினுங்குகிற ஒன்றைத் தூக்கி வைத்து, இரண்டாயிரம் வாட்ஸ் என்றார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன், உள்ளே எடுக்கிற கரண்ட் அறுபது வாட்ஸ் என்று அச்சடித்திருக்கிறது. அறுபதை உள்ளே வாங்கி இரண்டாயிரத்தை வெளியே விடுகிற சாமான் மெய்யாயிருந்தால், இரண்டை நெடுந்தீவில் இறக்கிவிட்டு, அந்தத் தீவுக்குக் கரண்ட் தருகிற ஜெனரேற்றரை நிறுத்திவிடலாமே என்றேன். சிவகுரு எனக்குப் பதில் சொல்லாமல் உங்கள் மச்சானைப் பார்த்து, தங்கச்சி ரீச்சரோ என்று கேட்டார். ஆம்பிளையள் இரண்டுபேரும் சிரித்தார்கள், அதை வாங்கினார்கள். வீட்டில் போட்டால் அதே கடகடப்பு. குரலும் மூக்கடைத்தவன் கோயிலில் வாசகம் வாசிக்கிற மாதிரி. சிவகுரு திருப்பி எடுக்கமாட்டார் என்று நினைத்தேன். ரீச்சர் திரும்ப வருவா என்ற பயத்திலோ என்னவோ எடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நானே தேடினேன். எங்கள் ஹோலுக்கு இருபது வாட்ஸ் தாராளம். இரைச்சல் எவ்வளவு, பிசகு எவ்வளவு என்று ஆரோ பொறுமைசாலி அளந்துபோட்ட கணக்குகளை வாசித்து, லைற்றும் இல்லாத மீன் ரின் அளவான அம்பிளிபயர் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். உங்கள் மச்சான் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, இதற்குள் சத்தம் எங்கே இருக்கும் என்று கேட்டார். மூளை எங்கே இருக்கும் என்று நான் அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

அதை நான் வாங்கினது பாட்டுக்கு இல்லை, அண்ணை. கீரைச் சோறு தீத்தும்போது "கீர்த்தி, ஆ காட்டு" என்று மெல்லமாகச் சொல்கிற என் குரலைப் போனில் பதிந்துவைத்திருந்தேன். என் முகத்தையோ கையின் அசைவையோ கண்டுதான் திரும்புகிறானோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க, நான் இல்லாமல் என் குரல் மட்டும், கூட்டாமல் குறைக்காமல் வேண்டும். ஓம், தபால்காரர்தான். சனிக்கிழமை பின்னேரம் பிள்ளையைப் பெட்டிகளுக்கு முதுகுகாட்டி இருத்திவிட்டு, குசினிக் கதவுக்குப் பின்னால் ஒளித்து நின்று, இடது பெட்டியில் மட்டும் மெல்லமாகப் போட்டேன். இடது பக்கம் திரும்பினான். வலதில் போட்டேன். வலது பக்கம் திரும்பினான். ஆறுதரம் மாற்றி மாற்றிப் போட்டேன், ஆறுதரமும். கோயில் குழாய்க்குப் பக்கத்து வீட்டில் வயிற்றிலிருந்தே வளர்ந்த பிள்ளை, பெரிய சத்தம் தனக்கில்லை என்று விட்டுவிட்டான்போல. பிறகு அம்மாவைத் தேடித் தவழ்ந்து பெட்டிக்குப் பின்னால் போய், அங்கே காற்றுப் போக வைத்திருந்த ஓட்டைக்குள் கையை விட்டான். வெளியே வந்தது பிள்ளைக் காலுக்குப் போடுகிற குட்டி மேஸ் ஒன்று. நான் கையை விட்டேன். இன்னும் ஆறு மேஸ், மூன்று சவர்க்காரம், பனடோல் இரண்டு மட்டை, சீமெந்தாக இறுகிய சொக்கிலேற். மற்றப் பெட்டியிலும் அப்படியே.

இது அண்ணியின் கைவேலைதான். அண்ணி, பார்சலில் ஒரு சாண் இடம் வெறுமையாக வந்தால் எங்கள் சனத்துக்கு நெஞ்சு பொறுக்காதுதான். அதற்காக ஸ்பீக்கரின் தொண்டைக்குள்ளுமா அடைப்பது? உங்கள் மச்சான் சவர்க்காரத்தையும் பனடோல் மட்டையையும் சேர்த்துக் கையில் குலுக்கிப் பார்த்தார், அதே கடகடப்பு. "அப்ப அம்பிளிபயரில பிழையில்லை," என்றார், நாலு மாதத்தில் முதல்முறையாகச் சின்னக் குரலில். பிறகு இருந்து என் பதிவை ஒருதரம் போட்டுப் பார்த்தார். பிள்ளை திரும்பினதும் முகத்தை மற்றப் பக்கம் வைத்துக்கொண்டார். நான் அழுதேன். சத்தத்தின் தெளிவைக் கேட்டு அன்ரனிட்டா அழுதுவிட்டா என்று மண்கும்பான் வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். பத்தாம் திகதி டொக்டரிடம் எப்படியும் போவோம்.

இனிமேல் ஓட்டை உள்ள எந்தச் சாமானை அனுப்பினாலும் ஓட்டையை ஓட்டையாகவே அனுப்புங்கள். அண்ணிக்கு என் அன்பு, கோபத்தைக் கழித்து வந்த மிகுதி. பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் வேலைக்கும் முழங்காலுக்கும் செபிக்கிறோம்.

அன்புத் தங்கச்சி,
அன்ரனிட்டா

பி.கு.: ஒட்டின கடிதத்தைத் திரும்பப் பிரித்தேன். எல்லாம் எடுத்த பிறகு பெட்டி இரண்டும் குடத்துக்குள் முழங்குகிற மாதிரிக் குமுறுகின்றன. அடிச்சத்தம் வந்தால் கீர்த்திகன் உதட்டைப் பிதுக்கி அழுகிறான். ஆகவே பெட்டிக்கு ஒரு மேஸ் வீதம் நானே திருப்பி அடைத்துவிட்டேன். இப்போதுதான் உள்ளது உள்ளபடி கேட்கிறது. அம்ப் சூடேறிப் பதப்பட்டுவிட்டது என்று உங்கள் மச்சான் விளக்கம் சொல்கிறார், நான் திருத்தவில்லை. நீல மேஸ் குரலைக் கொஞ்சம் மந்தமாக்குது, மஞ்சள் மேஸ் திறம். அண்ணியிடம் கேட்டு, அந்த மஞ்சளில் இன்னும் இரண்டு சோடி அனுப்புங்கோ. தோய்க்காமல்.