சுல்தானும் ஒப்புமை அலுவலரும்

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டு குப்பைமேட்டுக்குத்தான் போகும் என்பார்கள். நான் நாய்களுக்கு சலூன் திறந்த அன்று என் நாத்தனார் இதைத்தான் வாழ்த்துரையாகச் சொல்லிவிட்டுப் போனாள். அதில் எனக்கு வருத்தம் எதுவுமில்லை. குப்பைமேட்டுக்குப் போனால்தானே மறுபடியும் குளிக்க வரும்?

கடை சின்னது. முன்னறையில் இரண்டு நாற்காலி, உள்ளே இடுப்பு உயரத்துக்கு ஒரு மேஜை, பின்னால் தொட்டி. முடி வெட்டுவது நான். ஊதி உலர்த்துவது என் வீட்டுக்காரர். அவர் பயந்த சுபாவம். நாய் உறுமினால் இவர் அதனிடம் மன்னிப்புக் கேட்பார். சுவரில் நானே எழுதி மாட்டிய பலகை ஒன்று உண்டு: 'தினமும் சீவுங்கள். சீவாத முடி சிக்காகும், சிக்கு சடையாகும், சடை தோலைப் புண்ணாக்கும்.' வருகிற எல்லாரும் அதை வாய்விட்டுப் படிப்பார்கள், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவார்கள், வீட்டுக்குப் போய் சீப்பைத் தொடமாட்டார்கள்.

தொடாதவர்களில் முதலிடம் டீச்சருக்கு. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. வீட்டில் அவர் பேச்சைக் கேட்க இருந்த ஒரே ஜீவன் சுல்தான். உடம்பெல்லாம் சாம்பல் நிற முடி தொங்க, எது முன்பக்கம் எது பின்பக்கம் என்று தெரியாத நாய். பிஸ்கட்டைக் காட்டினால் எந்தப் பக்கம் நகருகிறதோ அது முன்பக்கம்.

"சீவப் போனா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறான்மா. பாவம்னு விட்டுட்டேன்."

"எத்தனை நாளா டீச்சர்?"

"ஒரு... ஒன்றரை வருஷமா."

விரலை விட்டுப் பார்த்தேன். தோல் வரைக்கும் சடை இறங்கியிருந்தது. இனி சீப்புக்கு அங்கே வேலையில்லை, மெஷின்தான். இப்படிச் சடை பிடித்த முடி துண்டு துண்டாக விழாது. சடைக்கு அடியில் மெஷினை ஓட்டிக்கொண்டே போனால் போர்வை மாதிரி ஒரே துண்டாகக் கழன்று வரும். இரண்டு மணி நேரத்தில் கழன்று வந்தது. மேஜையில் சுல்தான் வடிவத்திலேயே முடி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒல்லியாக, இளஞ்சிவப்பாக, பெரிய காதோடு இன்னொரு பிராணி நின்று வாலை ஆட்டியது. டீச்சர் இரண்டையும் பார்த்தார். பிறகு வாலாட்டியதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார். "இவ்ளோ பாரத்தைத் தூக்கிட்டா திரிஞ்சே, கண்ணு!"

அவர்கள் வீடு போய்ச் சேரவில்லை. தெரு முனையில் நகர அலுவலகத்தின் நாய் உரிமப் பிரிவு வண்டி நின்றது. உரிமத்தைக் கேட்டார்கள், டீச்சர் நீட்டினார். அதில் ஒட்டியிருந்த படத்தில் முடிக்குவியல் ஒன்று இருந்தது. கயிற்றில் இருந்ததோ வேறு. மேற்படி பிராணி உரிமமற்றது என முடிவு செய்யப்பட்டு அலுவலகக் கூண்டில் அடைக்கப்பட்டது. உரிமம் பெற்ற நாயை உரிமையாளர் உடனே ஆஜர்படுத்த வேண்டும் என்று நோட்டீசும் கொடுக்கப்பட்டது. அது கடைசியாகக் காணப்பட்டது என் கடையில் என்பதால் எனக்கும் ஒரு நகல் வந்தது.

மறுநாள் டீச்சரும் நானும் ஒப்புமை அலுவலர் முன்னால் நின்றோம். படமும் ஆளும் ஒன்றா என்று பார்ப்பது அவர் பணி. நல்ல மனிதர். குரலை உயர்த்த மாட்டார், யாரையும் உட்காரச் சொல்லவும் மாட்டார்.

"சார், இது அதே நாய்தான். முடி வெட்டினேன், அவ்ளோதான்."

"நீங்க சொல்றதை நான் நம்புறேன்மா. ஆனா நான் நம்புறதுக்கு இந்தப் படிவத்துல கட்டம் இல்லையே."

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்க சார், ஓடி வருவான்," என்றார் டீச்சர்.

"பேர் சொன்னா பியூன்கூட வருவாரு. அதுக்காக அவரை நாய்னு எழுத முடியுமா?"

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. கொண்டு போயிருந்த கோணிப்பையை அவிழ்த்து, முடிப் போர்வையை எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். "இந்தாங்க சார். வெட்டின முடி. இப்பவாவது நம்புங்க."

அலுவலர் முகம் மலர்ந்தது. படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நிறம் சரி, நீளம் சரி, கண் தெரியாதது உட்பட எல்லாம் சரி.

"இதை முதல்லயே கொண்டு வந்திருக்கலாமேம்மா! இதுதான் சுல்தான். கூட்டிட்டுப் போங்க."

"அப்ப கூண்டுல இருக்கறது?"

"அது யாரோ."

"அந்த யாரோவை நானே வளத்துக்கிறேன் சார்," என்று டீச்சர் கெஞ்சினார்.

"ஒரு வீட்டுக்கு ஒரு நாய்தான். உங்களுக்கு இருக்கே."

முடியை இறந்ததாக அறிவித்துவிட்டால் என்ன என்று கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். "உயிர் இல்லை. ஆனா எப்போ போச்சுன்னு நேரம் போடணுமே. போனதே இல்லாததுக்கு நான் எப்படி நேரம் போடுறது?" என்றார். வந்ததுக்கு இருக்கட்டும் என்று தடுப்பூசிச் சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்தார்.

இனி ஒரே வழி, கூண்டில் இருப்பவனுக்கு முடி வளர்வது. நாலு மாதமாவது ஆகும். அதுவரை டீச்சர் தினமும் போய்க் கம்பிக்கு வெளியே உட்கார்ந்து அவனோடு பேசினார். சனிக்கிழமைதோறும் நான் போய்ச் சீவிவிட்டேன். 'உரிமையற்ற பொருள் பராமரிப்பு' என்று அதற்கு அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள்.

இதற்கிடையில் உரிமத்தின் பின்பக்கத்து நிபந்தனைகளை டீச்சர் படித்துவிட்டார். முப்பது வருஷம் விடைத்தாள் திருத்தியவர். ஒரு வரி விடமாட்டார். உரிமம் பெற்ற நாயை நாள்தோறும் வெளியே அழைத்துச் செல்ல வேண்டும் என்று போட்டிருந்தது. உரிமம் ரத்தானால் பிற்பாடு சுல்தானை மீட்க முடியாதே என்ற பயத்தில், காய்கறி வாங்கும் தள்ளுவண்டியில் முடியை உட்கார வைத்து, கழுத்து என்று தோன்றிய இடத்தில் பட்டையும் கட்டி, காலையும் மாலையும் தெருவைச் சுற்றினார்.

முதல் நாள் தெரு சிரித்தது. இரண்டாம் நாள் யோசித்தது. மூன்றாம் நாள் மாடிவீட்டு அம்மாள் கேட்டாள்: "இது என்ன ஜாதி டீச்சர்? குரைக்கவே மாட்டேங்குதே!"

"குரைக்காது."

"கடிக்குமா?"

"கடிக்காது."

"சாப்பாடு?"

"ஒண்ணும் வேணாம்."

அந்த வார முடிவில் என் கடை வாசலில் வரிசை நின்றது. வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே கோரிக்கை: "எங்க வீட்டுதையும் ஒரே துண்டா எடுத்துக் குடுங்க."

"சீவின முடி அப்படி வராதுங்க. சடை பிடிச்சாத்தான் வரும்."

"அப்ப சடை பிடிக்க என்ன செய்யணும்?"

இங்கே நான் கொஞ்சம் வெட்கத்தோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுவரில் இருந்த பலகையை இறக்கினேன். திருப்பி, மறுபக்கத்தில் 'சடை வளர்ப்பு ஆலோசனை வழங்கப்படும்' என்று எழுதி மாட்டினேன். என் வீட்டுக்காரர் முடிகளை ஊதிக்கொண்டிருந்தார். அவை உறுமாததால் அவர் வாழ்நாளிலேயே முதன்முறையாக வேலையில் பாட்டு முணுமுணுத்தார்.

முடிகளெல்லாம் சோபாவில் ஏறின. முடியிழந்த நாய்களெல்லாம் படத்தோடு ஒத்துப்போகாமல் கூண்டில் ஏறின. எஜமானர்கள் யாரும் நோட்டீசுக்குப் பதறவில்லை, முடியைக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தக் காலாண்டில் உரிமம் பெற்ற நாய்கள் மீது ஒரு கடிப் புகார்கூட வரவில்லை. சிறந்த நாய் நிர்வாகத்துக்காக ஒப்புமை அலுவலருக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

நாலாவது மாதம் சுல்தானுக்கு முடி வளர்ந்துவிட்டது. முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று குழம்பும் அளவுக்கு அச்சு அசல் பழைய சுல்தான். டீச்சர் தள்ளுவண்டியோடு வந்தார். அலுவலர் முன்னால் ஒரு பக்கம் நாய், ஒரு பக்கம் முடி, நடுவில் படம்.

அவர் வெகுநேரம் பார்த்தார். "ரெண்டும் ஒத்துப்போகுதே. சரி, கூப்பிட்டுப் பார்ப்போம். சுல்தான்!"

சுல்தான் மேஜை மேல் பாய்ந்தான். மைப்பெட்டி கவிழ்ந்தது. கேடயம் உருண்டது. அலுவலரின் மூக்கு முதல் காது வரை ஒரே நக்கு. முடியோ வண்டியில் வைத்தது வைத்தபடி இருந்தது.

கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அலுவலர் எழுதினார்: 'இரண்டனுள் அலுவலக ஒழுங்குக்குக் கட்டுப்பட்டது வண்டியில் உள்ளது. ஆகவே அதுவே உரிமம் பெற்ற நாய்.'

டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாலு மாசமா அந்தக் கம்பிகிட்டதான் சார் நான் குடியிருந்தேன்," என்றார். அவர் அழுததைப் பார்த்ததும் எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது, கோபத்தில் எப்படியோ புத்தியும் வந்தது.

"சார், உங்க பதிவேட்டுல என்ன இருக்கு? வீட்டுல ஒண்ணு, கூண்டுல ஒண்ணு. அதானே?"

"அதேதான்."

"எது வீட்டுல, எது கூண்டுலன்னு பதிவேடு கேக்குதா?"

அவர் பதிவேட்டைப் புரட்டினார். முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரை புரட்டினார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "கேக்கல," என்றார். "எண்ணிக்கை சரியா இருந்தா போதும்."

முடியைத் தூக்கிக் கூண்டில் வைத்தோம். சுல்தானைத் தள்ளுவண்டியில் ஏற்றினோம். வழியெல்லாம் டீச்சர் சிரித்துக்கொண்டே போனார். வண்டி கனம் தாங்காமல் ஒரு சக்கரம் கழன்றது, அதற்கும் சிரித்தார். நானும் அன்று ஊரையே ஜெயித்த மாதிரி நடந்தேன்.

அடுத்த வாரம் கூண்டு நிரம்பிவிட்டதால், உரிமையாளர் இல்லாதவற்றை வேண்டுவோர் ஒரு வீட்டுக்கு ஒன்று என்ற விதியைத் தளர்த்தி எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. கூண்டில் பதினோரு நாய்கள் இருந்தன. பாதி முடி வளர்ந்து, ஆளைக் கண்டால் கம்பியில் ஏறி வாலை ஆட்டின. மூலையில் சுல்தானின் பழைய முடி.

சனிக்கிழமை நான் அந்த நாய்களைச் சீவப் போனபோது அலுவலர் விண்ணப்பக் கட்டை என்னிடம் நீட்டினார். நாற்பத்திரண்டு விண்ணப்பங்கள். நாய்களுக்கு ஒன்றுகூட இல்லை, அத்தனையும் முடிக்கு. முதல் விண்ணப்பம் அவருடையது. இரண்டாவது கால்நடை மருத்துவருடையது. கடைசியில் இருந்த கையெழுத்து குண்டு குண்டாக, திருத்தமாக இருந்தது. எனக்குத் தெரிந்த கையெழுத்துதான்.

நேரே டீச்சர் வீட்டுக்குப் போனேன். சுல்தான் சோபாவைக் கிழித்துப் போட்டுவிட்டு நடுக்கூடத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"ஏன் டீச்சர் இப்படி?"

"இவன் என் உயிரும்மா. அதுல சந்தேகமே இல்ல." டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆனா அது பக்கத்துல உக்காந்திருந்தா ஒரு நிம்மதி. வேற ஒண்ணுமில்ல."

திட்டத்தான் போனேன். ஆனால் எந்த வாயால் திட்டுவது? அந்த விண்ணப்பங்களில் டீச்சருடையதற்கு மேலே, நாற்பத்தோராவதாக இருந்தது என்னுடையது.