பனிவண்டி அண்ணை பார்க்காத ஆட்டம்

ஒஸ்லோவில் சூரியனை நம்பாமல் வாழ்கிற ஒரே மனிதர் எங்கள் பனிவண்டி அண்ணைதான். ஜூன் மாதத்தில் இந்த ஊரில் இரவு பத்தரை மணிக்கும் முற்றத்தில் இருந்து பேப்பர் வாசிக்கலாம். அந்த ஜூனிலும் அண்ணை தெருவேலைக்காரர் போடுகிற மஞ்சள் வெஸ்ட்டை மாட்டிக்கொண்டுதான் வீட்டுப்படி இறங்குவார். கண்ணைப் பறிக்கிற மஞ்சள். முன்னும் பின்னும் வெள்ளிப் பட்டி மின்னும். ஏன் அண்ணை என்று கேட்டால், "மனிசன் எண்டால் தூரத்திலையே தெரியவேணும் தம்பி" என்பார்.

குளிர்காலத்தில் ரொம்மன் அடுக்குமாடிகளுக்கு நடுவே பனி தள்ளும் வண்டி ஓட்டுபவர் என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் வரி அலுவலகத்துக்கும் அவர் மனைவிக்கும்தான் தெரியும். அக்காவும் "இஞ்சாருங்கோ" என்றே கூப்பிடுவதால், அவருக்கும் மறந்துபோயிருக்கலாம்.

ஒரு கல்யாண வீட்டுக்குப் பட்டுவேட்டி கட்டி, அதற்கு மேல் வெஸ்ட்டோடு வந்தார். மணமக்களுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். ஃபிளாஷ் வெளிச்சம் வெள்ளிப் பட்டியில் பட்டுத் திரும்பியதில், படத்தில் மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. நடுவில் ஒரு பெரிய ஒளி மட்டும் நிற்கிறது. பெண்ணின் தகப்பன் ஆறு மாதம் அண்ணையோடு கதைக்கவில்லை.

இப்படிப்பட்டவருக்கு உலகத்தில் இரண்டே பைத்தியம். ஒன்று பனி, மற்றது கிரிக்கெட். பனி இல்லாத மாதங்களில் ரொம்சோஸ் பக்கத்து மைதானத்தில் எங்கள் தமிழ் அணி விளையாடும்போது, மடக்குக் கதிரையோடு முதல் ஆளாக வந்து இருப்பார். நான் அந்த அணியின் செயலாளர். அதாவது ஓட்டங்களை எழுதுவது, ஆடுகளத்துக்குப் பாய் விரிப்பது, எல்லோரிடமும் ஏச்சு வாங்குவது.

எங்கள் அணிக்கு அந்த வருடம் ஒரு தொடக்க ஆட்டக்காரர் அவசரமாகத் தேவைப்பட்டார். அப்போதுதான் கார்த்திக் என்ற பெயர் காதில் விழுந்தது. கோயம்புத்தூர்ப் பிள்ளை, கணினி வேலை, மோர்டென்ஸ்ருடில் குடியிருப்பு. முந்திய வருடம் வேறொரு அணிக்கு வெளுத்து வாங்கியவர், இப்போது எந்த அணியிலும் இல்லாமல் இருக்கிறார் என்றார்கள். எங்களோடு சேர்த்து மூன்று அணிகள் அவரைத் துரத்தின. மற்ற இரண்டும் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டன. பனிவண்டி அண்ணை சாப்பிடக் கூப்பிட்டார்.

அக்காவின் நண்டுக்கறி பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, எழுதும்போதே வயிறு கூப்பிடுகிறது. அண்ணை தன் கையால் நண்டை உடைத்து, சதையை எடுத்து, கார்த்திக்கின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துக்கொண்டே இருந்தாராம். மூன்றாவது நண்டில் கார்த்திக், "அங்கிள், எந்த டீம்னாலும் ஓகே, இந்தக் கொழம்ப மட்டும் நிறுத்திடாதீங்க" என்று சரணடைந்தார். அடுத்த நாள் கூட்டத்தில் அண்ணை எழுந்து நின்றார். "இந்தப் பெடியன் எங்களைக் கீழ்ப் பிரிவுக்கு விழ விடமாட்டான். நான் பொறுப்பு."

முதல் ஆட்டத்துக்கு ரொம்மனும் ரொம்சோஸும் திரண்டு வந்தன. வழக்கமாக அண்ணை தேநீர் மேசைப் பக்கம்தான் இருப்பார். அன்று கார்த்திக் மட்டையோடு உள்ளே போனதும் கதிரையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பந்து போடுகிறவருக்கு நேர் பின்னால், எல்லைக் கயிற்றுக்கு வெளியே போய் இருந்தார்.

"என்னண்ணை, அங்கை போய் இருக்கிறியள்?" என்று கத்தினேன்.

"இவன்ரை அடி நேரை என்ரை நெஞ்சுக்கு வரவேணும் தம்பி!"

பந்து போடுகிறவர் ஓடி வரத் தொடங்கியதும் அண்ணை எழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி "முருகா!" என்று கும்பிட்டார். இரண்டாவது பந்தில் நடு விக்கெட் பறந்தது.

பரவாயில்லை, முதல் நாள்தானே என்றோம். இரண்டாவது ஆட்டத்தில் நான்கு ஓட்டம். மூன்றாவதில் முட்டை. நான்காவதில் ஒன்று, அதுவும் மட்டையின் விளிம்பில் பட்டுப் போனது. ஒரு ஓவர் முடிந்து எதிர்ப்பக்கத்திலிருந்து பந்து போடத் தொடங்கினால் அண்ணையும் கதிரையோடு அந்தப் பக்கம் போகவேண்டும் அல்லவா? அந்தச் சிரமத்தைக் கார்த்திக் அவருக்கு ஒருநாளும் கொடுக்கவில்லை.

எங்கள் சனத்தைப் பற்றித் தெரியும்தானே. வெல்லும்போது 'எங்கட கார்த்திக்', தோற்கும்போது 'அந்த இந்தியாக்காரன்'. ஒருவர் கோயிலில் அர்ச்சனை செய்தார். இன்னொருவர் கண்ணூறு கழிக்கத் தேசிக்காயை வெட்டி விக்கெட்டுக்கு இரண்டு பக்கமும் வைக்க, எதிரணிக்காரர்கள் அதைக் கண்ணிவெடி போலச் சுற்றி நடந்தார்கள். நின்ற பஸ்ஸுக்குக்கூட ஓடிப் பழகாத மனிதர்கள் கார்த்திக்குக்குக் கால் எப்படி நகர்த்துவது என்று பாடம் எடுத்தார்கள். வாட்ஸப் குழுவில் ஒருவர் எழுதினார்: "நண்டு குடுத்தோம், முட்டை கிடைச்சுது."

எல்லோரையும்விட நொந்தவர் பொறுப்பு எடுத்தவர்தான். ஐந்தாவது ஆட்டத்திலும் முட்டையோடு கார்த்திக் திரும்பியபோது, எல்லையிலிருந்து அவர் போட்ட சத்தம் பக்கத்துச் சுரங்க ரயில் நிலையத்துக்கே கேட்டிருக்கும்.

"டேய்! உனக்கு நண்டு உடைச்சுத் தந்த கையடா இது!"

கார்த்திக் நின்று, திரும்பி, மட்டையை உயர்த்தி, "சாரி அங்கிள்" என்றார். அந்தப் பணிவு எனக்கே எரிச்சலாக இருந்தது. நாங்கள் எல்லோரும் கார்த்திக்கையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். கார்த்திக்குக்கு முன்னால் என்ன தெரிகிறது என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த ஆட்டத்தன்று அண்ணை ஊரில் இல்லை. பெர்கனில் அக்காவின் தங்கை மகளுக்குக் கல்யாணம், போகாமல் இருக்க முடியாது. அன்று கார்த்திக் எழுபத்தொரு ஓட்டம் எடுத்தார். முதல் பந்திலேயே நேராக ஒரு அடி. வாய் பிளந்து நின்ற நான் அதை எழுதவே மறந்துவிட்டேன்.

சந்தோஷம் பின்னேரம் வரைதான் நின்றது. வாட்ஸப் குழு துப்பறியத் தொடங்கியது. ஐந்து ஆட்டத்துக்கு அண்ணை வந்தார், ஐந்தும் கருகிப் போயின. ஒரு ஆட்டத்துக்கு வரவில்லை, எழுபத்தொன்று. அப்போ யாருடைய ராசி சரியில்லை? 'அண்ணை இனி பெர்கனிலையே இருக்கட்டும்' என்று ஒருவர் எழுத, நாற்பது பேர் சிரித்த முகம் போட்டார்கள். நானும் ஒன்று போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அண்ணை குழுவை விட்டு விலகினார். அடுத்த நாள் என்னைத் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, கடைசி மட்சுக்கு நான் வரேல்லை. அதிலை தோத்தால் கீழ்ப் பிரிவுதானே? நான் பொறுப்பு எண்டு சொன்னனான். அவன் அடிக்கட்டும். நான் வீட்டிலை இருக்கிறன்."

"அண்ணை, உந்த ராசிக் கதையெல்லாம்..."

"உண்மை எண்டு நினைக்கிறன் தம்பி," என்றார். குரல் பனிக்குள் புதைந்த மாதிரி அடங்கியிருந்தது.

அந்த வாரப் பயிற்சி முடிந்து கார்த்திக்கும் நானும் ரொம்சோஸிலிருந்து ஒன்றாக ரயில் ஏறினோம். நானும் மோர்டென்ஸ்ருட்காரன்தான். அண்ணை இனி வரமாட்டார் என்று சொன்னேன். கார்த்திக்கின் முகம் வாடிவிட்டது. இரண்டு நிலையம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, ராசியெல்லாம் ஒண்ணும் இல்லண்ணா. அந்த மஞ்சள் வெஸ்ட்டுதான்."

"என்ன வெஸ்ட்?"

"பௌலர் கைக்குப் பின்னாடி கரெக்டா அங்கிள் உக்காந்திருக்காரு. வெயில் பட்டதும் பளபளன்னு மின்னுது. பந்து அதுக்குள்ளேர்ந்துதான் வருது, எப்ப கைய விட்டுச்சுன்னே தெரியல. அதுலயும் அவர் எந்திரிச்சுக் கும்பிடுவாரு பாருங்க, அப்ப மொத்த வெளிச்சமும் எந்திரிச்சு நிக்குது. அடுத்த டீம் பௌலருங்களுக்கு இது நல்லாத் தெரியும்ணா. ஒருத்தன் எங்கிட்ட, அந்தப் பெரியவருக்கு நன்றி சொல்லிடுன்னே சொன்னான்."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "அஞ்சு மட்ச்! ஊரெல்லாம் உம்மைக் கிழி கிழியெண்டு கிழிச்சுது. வாயைத் துறந்து ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே?"

கார்த்திக் மட்டைப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு யன்னலைப் பார்த்தார்.

"எப்படிண்ணா சொல்றது? நான் வெளயாடுறதப் பாக்கணும்னே ஒருத்தர் சேரத் தூக்கிட்டு வர்றாரு. எங்கப்பா ஒரு மேட்சுக்குக்கூட வந்ததில்ல. அங்கிளப் போயி தள்ளி உக்காருங்கன்னு சொல்ல மனசு வரல."

அடுத்த நிலையத்தில் அவர் கையைப் பிடித்து இறக்கி, எதிர்ப்பக்க ரயிலில் ஏற்றினேன்.

ரொம்மனில் அண்ணை கதவைத் திறந்தார். வீட்டுக்குள்ளும் வெஸ்ட். கார்த்திக் சப்பாத்தைக் கழற்றுகிற சாட்டில் குனிந்தவர் நிமிரவே இல்லை. ஆகவே நானே சொல்லி முடித்தேன். அண்ணை கொஞ்ச நேரம் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார்.

"அப்ப ராசி இல்லையோ?"

"இல்லை அண்ணை. வெஸ்ட்."

"வெறும் வெஸ்ட்டோ?"

"வெறும் வெஸ்ட்தான்."

அந்த மனிதரின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு கிழமையாகத் தன்னைப் பீடை என்று நினைத்துக்கொண்டு இருந்தவர். அடுத்த நொடியே கார்த்திக்கின் தோளில் ஓங்கி ஒரு அடி.

"விசர்ப்பெடியா! ஒரு வார்த்தை சொல்லப்படாதோ? உனக்குத் தந்த நண்டெல்லாம் வாயை அடைச்சுப்போட்டுதோ?"

அக்கா குசினிக்குள்ளிருந்து, "இஞ்சாருங்கோ, வந்த பிள்ளையை முதல் சாப்பிட விடுங்கோ" என்றார்.

வெஸ்ட்டைக் கழற்றினால் போதும், பழையபடி தேநீர் மேசைப் பக்கம் இருங்கோ என்றேன். போதாது என்றார். பந்து நல்லாய்த் தெரிய வேண்டுமென்றால் பின்னால் வெள்ளையாக ஏதாவது இருக்க வேண்டும் என்று கார்த்திக் வாய்தவறிச் சொல்லிவிட்டார். அத்தோடு அண்ணையைப் பிடிக்க முடியவில்லை.

கடைசி ஆட்டத்தன்று மைதானத்தில் அண்ணையை எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, வெஸ்ட் இல்லை. ஆள் பாதியாகக் குறைந்த மாதிரி இருந்தார். கையில் நான்கு பனிச்சறுக்குத் தடிகள், அக்கா விருந்தாளிகளுக்கென்று அலுமாரிக்குள் பூட்டி வைத்திருந்த இரட்டைக் கட்டில் விரிப்பு. தடிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டி, விரிப்பை அதில் மாட்டி, பந்து போடுகிறவருக்கு நேர் பின்னால் நட்டார். காற்று அடித்தது. விரிப்பு பாய்மரம் மாதிரிப் புடைத்தது. அதைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். அண்ணை அதற்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தார்.

எண்ணிக்கை எழுதும் கொப்பியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு நானும் அவருக்குப் பக்கத்தில், ஆட்டம் தெரிகிற மாதிரி விரிப்பின் ஓரத்தில் போய் நின்றேன். வெற்றிக்கு நூற்றிருபது ஓட்டம் வேண்டும்.

ஒவ்வொரு ஓவர் முடிந்ததும் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு இருவரும் மைதானத்தின் பாதியைச் சுற்றி மறுமுனைக்கு ஓடினோம். அண்ணைக்கு அறுபத்திரண்டு வயது. எனக்கு வயது குறைவுதான், ஆனால் மூச்சு வாங்கியது எனக்குத்தான். நடுவர் முதலில் முறைத்தார். பிறகு நாங்கள் போய்ச் சேரும்வரை காத்திருக்கத் தொடங்கினார். அதன் பிறகு எதிரணிப் பெடியன் ஒருவன் வந்து ஒரு தடியைத் தூக்கித் தந்தான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. விரிப்புக்குப் பின்னால் நிற்கிறவருக்கு விரிப்பு மட்டும்தான் தெரியும். மட்டையில் பந்து படுகிற சத்தம் கேட்டதும் அண்ணை தவிப்பார்.

"தம்பி, என்ன நடந்தது?"

"நாலு அண்ணை!"

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம். வடிவான அடி."

"வடிவான அடியோ?" என்று தனக்குள்ளே சொல்லிக்கொள்வார். "ஒருக்கா எட்டிப் பாருங்கோவன், நான் பிடிக்கிறன்" என்றேன். "ஆட்டினால் பெடியனுக்குக் கவனம் சிதறும்" என்று மறுத்துவிட்டார். கார்த்திக் ஐம்பதைத் தாண்டியபோதும் அவர் வெள்ளைத் துணியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொல்லச் சொல்ல, அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

இன்னும் மூன்று ஓட்டம் வேண்டும். பந்து போடுகிறவர் ஓடி வந்தார். கார்த்திக் ஒரு கால் முன்னால் வைத்து நேராக அடித்தார். பந்து போட்டவரின் தலைக்கு மேலால் பந்து வந்து, புல்லில் ஒருதரம் குத்தி, கயிற்றைத் தாண்டி, விரிப்பில் 'தொப்' என்று விழுந்தது. விரிப்புக்குப் பின்னால் அண்ணையின் நெஞ்சு இருந்தது.

"அம்மோய்! என்ன தம்பி அது?"

"நேரை உங்கடை நெஞ்சுக்கு அண்ணை. வெண்டிட்டம்."

எல்லோரும் கார்த்திக்கைத் தூக்க ஓடினார்கள். கார்த்திக் அவர்களையெல்லாம் விலக்கிக்கொண்டு, மட்டையையும் போட்டுவிட்டு, விரிப்பை நோக்கி ஓடி வந்தார். அண்ணை அப்போதும் துணியை விடவில்லை. ஆட்டம் முடிந்துவிட்டதென்று நான் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது மைதானத்தில் உருட்டிப் போகச் சில்லுப் பூட்டிய உண்மையான வெள்ளைத் திரை இருக்கிறது. அதைத் தள்ளும் உரிமையை அண்ணை யாருக்கும் கொடுப்பதில்லை. கார்த்திக் இன்னும் எங்களோடுதான். முட்டையும் எடுப்பார், அறுபதும் எடுப்பார், நண்டுக்குத் தவறாமல் போவார்.

அந்தக் கடைசி ஆட்டத்தன்று, நான் பக்கத்தில் போய் நிற்பதற்கு முன் யாரோ எடுத்த ஒரு படம் என் கைபேசியில் இருக்கிறது. காற்றில் புடைத்த ஒரு வெள்ளை விரிப்பு, அதன் கீழே இரண்டு சப்பாத்துகள். வேறொன்றும் இல்லை. பனிவண்டி அண்ணை எப்படி இருப்பார் என்று யாராவது கேட்டால், நான் அந்தப் படத்தைத்தான் காட்டுகிறேன்.